பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு என்ற முத்திரையை நம்பி மாயாஜால இணைய விளையாட்டைப் பிள்ளைகளிடம் கொடுக்கும் பெற்றோருக்கு

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் விளையாடிய ஓர் இணைய விளையாட்டினால் எங்கள் குடும்பம் பணத்தை இழந்தது. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றின் விளிம்பு வரை அவள் சென்று திரும்பினாள். கோட்டைகளும் டிராகன்களும் மந்திரவாதிகளும் நிறைந்த அந்த விளையாட்டுக்குச் செயலிக் கடையில் "12+" என்ற முத்திரை இருந்தது. பார்த்த வரையில் இரத்தமும் ஆபாசமும் கெட்ட வார்த்தையும் இல்லாததால் நானும் என் மனைவியும் அனுமதி கொடுத்தோம். அந்த முத்திரை எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பதை மற்ற பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆண்ட்ராய்டு செயலிகளின் வயது முத்திரை பெரும்பாலும், விளையாட்டை உருவாக்கிய நிறுவனமே நிரப்பிக் கொடுக்கும் வினாப்படிவத்திலிருந்து கணக்கிடப்படுவது. வன்முறை, பாலியல், மொழி, போதைப்பொருள், சூதாட்டம் ஆகியவற்றை அது முதன்மையாகக் கேட்கிறது. அந்நியரோடு பேசும் வசதியும் செயலிக்குள் பணம் செலவழிக்கும் வசதியும் முத்திரையின் அருகே சிறிய எழுத்தில் குறிப்பாக மட்டுமே இடம்பெறுகின்றன. எங்களுக்கு நேர்ந்த தீங்கு அனைத்தும் அந்தச் சிறிய எழுத்துகளின் வழியாகவே வந்தது.

முதலில் கடையைப் பற்றிச் சொல்கிறேன். அந்த விளையாட்டில் பணம் கொடுத்து நேரடியாக ஒரு வீரனையோ வாளையோ வாங்க முடியாது. ரூபாய்க்கு டைமண்ட் வாங்க வேண்டும், டைமண்டைக் கொடுத்து மந்திரச் சீட்டு வாங்க வேண்டும், அந்தச் சீட்டை இழுத்தால் எந்த வீரன் வருவான் என்பது குருட்டு அதிர்ஷ்டம். பெட்டிக்கடையில் அட்டையில் ஒட்டிய சீட்டைக் காசு கொடுத்துக் கிழிக்கும் அதே ஆட்டம்தான் இது; அங்கே கடைக்காரர் சிறுவனின் முகத்தைப் பார்ப்பார், இங்கே அதுவும் இல்லை. அரிய வீரன் கிடைக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்று "விவரம்" என்ற சிறு பொத்தானுக்குள் எழுதியிருந்தார்கள். திரையின் நடுவிலோ, இந்த வீரன் இன்னும் சில நாள்களில் மறைந்துவிடுவான் என்று ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

என் மகளிடம் பணம் இல்லை. ஆனால் மின்கட்டணமும் எரிவாயு முன்பதிவும் செய்து தருவது அவள் வேலை என்பதால் என் தந்தையின் கைபேசியில் உள்ள யுபிஐ ரகசிய எண் அவளுக்குத் தெரியும். டாப்-அப் எனப்படும் ஒவ்வொரு டைமண்ட் வாங்குதலும் நூறு ரூபாய்க்கு உட்பட்டது. ஓய்வூதியக் கணக்கிலிருந்து பணம் கழிந்ததைச் சொல்லும் ஆங்கிலக் குறுஞ்செய்திகளை என் தந்தை படிப்பதில்லை. வங்கிக்குப் போய் அவர் கணக்குப் புத்தகத்தில் வரவு செலவைப் பதிந்து பார்த்தபோது பதினோராயிரத்துக்கும் மேல் குறைந்திருந்தது. சிறு தொகை, டைமண்டை இரட்டிப்பாகத் தரும் சலுகை, மூன்று வகை நாணயம், ஓடும் கடிகாரம் ஆகிய நான்கும் சேர்ந்தால், எவ்வளவு செலவானது என்பதைப் பெரியவர்களாலேயே மனத்தில் கணக்கிட்டு வைத்திருக்க முடியாது. பதினான்கு வயதுப் பிள்ளையிடம் அதை எதிர்பார்க்கும் கடை நியாயமான கடை அன்று.

இது எங்கள் வீட்டுக் குறை மட்டுமே என்று யாரும் எண்ண வேண்டாம். உலகெங்கும் புகழ்பெற்ற கென்ஷின் இம்பாக்ட் என்ற மாயாஜால விளையாட்டை நடத்தும் நிறுவனத்தின் மீது அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் இதே வகைச் சீட்டு இழுப்பு குறித்து வழக்குத் தொடுத்தது. 2025 ஜனவரியில், குற்றச்சாட்டுகளில் பல தவறானவை என்று கூறிக்கொண்டே அந்நிறுவனம் 2 கோடி டாலர் செலுத்தவும், பெற்றோர் சம்மதமின்றிப் பதினாறு வயதுக்குட்பட்டோருக்கு இத்தகைய சீட்டுகளை விற்காதிருக்கவும் ஒப்புக்கொண்டது. ஆஸ்திரேலியா 2024 செப்டம்பரிலிருந்து, உள்ளே என்ன வரும் என்று தெரியாத அதிர்ஷ்டப் பெட்டியைப் பணம் கொடுத்து வாங்கும் புதிய விளையாட்டுகளுக்குக் குறைந்தபட்சம் பதினைந்து வயதுப் பரிந்துரை முத்திரையைக் கட்டாயமாக்கியது. பெல்ஜியம் 2018-லேயே இவற்றைச் சூதாட்டம் என்று வகைப்படுத்தியது. 2003-இல் லாட்டரிச் சீட்டைத் தடை செய்த தமிழ்நாட்டில், அதே சீட்டு வேறு உருவில் பிள்ளைகளின் கையில் இருக்கிறது என்பதே என் ஆற்றாமை.

அடுத்தது கில்ட், அதாவது விளையாடுவோர் ஒன்றுசேர்ந்து ஆடிப் பேசும் குழு. விளையாட்டில் ஒரு குறிப்பிட்ட நிலையைத் தாண்டிய பிறகே கில்டில் சேர முடியும். எனவே முதல் சில நாள்கள் அருகில் அமர்ந்து பார்க்கும் பெற்றோரின் கண்ணில் அது படாது. அங்கே நன்றாகத் தமிழ் பேசிய ஒருவர், கல்லூரியில் படிக்கும் பெண் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, என் மகளுக்கு "அக்கா" ஆனார். தேர்வு முடிந்ததா, அம்மா திட்டினாரா என்றெல்லாம் பரிவோடு விசாரித்தார். பிறகு பேச்சை வேறொரு செய்திச் செயலிக்கு மாற்றினார். பாதி விலையில் டாப்-அப் செய்து தருவதாகச் சொல்லிப் பணத்தையும், ஐடிக்குள், அதாவது என் மகளின் விளையாட்டுக் கணக்குக்குள், நுழைவதற்கான ஓடிபியையும் வாங்கினார். அன்றே ஐடி அவர் வசமானது. திருப்பித் தர மேலும் பணம் கேட்டார். அதுவும் முடியாதபோது புகைப்படம் அனுப்பச் சொன்னார். அந்த இடத்தில் என் மகள் அஞ்சி, அழுதுகொண்டு தன் தாயிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவள் அப்படி வந்ததை நான் வாழ்நாள் முழுதும் நன்றியோடு நினைப்பேன்.

நிறுவனத்திடம் முறையிட்டதற்குக் கிடைத்தவை தானியங்கிப் பதில்களே. ஐடியைப் பகிர்வது விதிமீறல் என்றும், ஐடியும் அதிலுள்ள பொருள்களும் நிறுவனத்துக்கே உரியவை என்றும், வாங்கிய டைமண்டுக்குப் பணம் திரும்ப வராது என்றும் எழுதினார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி பதினெட்டு வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர் என்று எடுத்துக்காட்டி நான் எழுதிய கடிதத்துக்கும் அதே வாசகம்தான் மீண்டும் வந்தது. நான் புகாரில் குறிப்பிட்ட அந்த "அக்கா"வின் கணக்கு பற்றி ஒரு வரிகூட இல்லை. செயலிக் கடை, கால அவகாசம் கடந்துவிட்டது என்றது. ரகசிய எண்ணை இட்டுச் செலுத்திய பணம் என்பதால் வங்கியும் கைவிரித்தது. சைபர் மோசடி உதவி எண்ணான 1930-இல் பதிவான புகார் அந்த மோசடிக்காரருக்கு அனுப்பிய தொகைக்கு மட்டுமே பொருந்தியது. டைமண்ட் வாங்கிய தொகைக்காக நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் தனியே பதிவு செய்திருக்கிறோம்.

மாயாஜாலக் கதைகள் பிள்ளைகளுக்கு ஆகாதவை என்பது என் கருத்து அன்று. அந்த விளையாட்டின் ஓவியமும் கதையும் உண்மையிலேயே அழகானவை. என் மகள் அதைப் பார்த்து வரையக் கற்றாள். ஒரு முறை விலை கொடுத்து வாங்கி, இணைய இணைப்பின்றித் தனியே ஆடும் மாயாஜால விளையாட்டை நான் இப்போதும் தயங்காமல் கொடுப்பேன். சீட்டு இழுப்பும் அந்நியர் பேச்சும் ஒன்றாக உள்ள விளையாட்டைப் பதினாறு வயது வரை கொடுக்க மாட்டேன்.

முடிவெடுக்கும் முன் பெற்றோர் அதைத் தங்கள் கைபேசியில் நிறுவி, கில்ட் திறக்கும் நிலை வரை தாங்களே ஆட வேண்டும். பேச்சு வசதியை முழுவதும் அணைக்க முடிகிறதா, யார் வேண்டுமானாலும் தனிச்செய்தி அனுப்ப முடிகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். வீட்டிலுள்ள முதியவர்களின் கைபேசியையும் கணக்கில் கொள்ள வேண்டும். கூகுள் பிளேயில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் பெற்றோர் ஒப்புதல் கேட்கும்படி குடும்பக் கணக்கை அமைக்க முடியும், ஆனால் தாத்தாவின் கைபேசி அதற்குள் வராது.

ஏற்கெனவே பணம் போயிருந்தால் செயலியை நீக்கிவிடாதீர்கள். உரையாடல், பணம் செலுத்திய விவரம், ஏமாற்றியவரின் ஐடி எண் அனைத்தையும் படமெடுத்து வையுங்கள். கூகுள் பிளேயில் வாங்கியதற்கு நேரடியாகப் பணம் திரும்பக் கேட்கும் வழக்கமான அவகாசம் 48 மணி நேரம். மோசடியாக அனுப்பப்பட்ட பணத்துக்கு 1930-ஐ அன்றே அழையுங்கள். புகைப்படம் கேட்டு மிரட்டினால், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்கெனத் தனிப் பகுதி இருக்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098-ம் உண்டு. பிள்ளையை அந்நேரத்தில் கடிந்துகொள்ளாதீர்கள், ஏனெனில் நடந்தது முழுவதும் அறிந்தவர் அவர் ஒருவரே.

அந்தக் கில்டும் அதில் எங்கள் மகளை ஏமாற்றியவரின் கணக்கும் இன்றளவும் இயங்குகின்றன. உங்கள் பிள்ளை மாயாஜால விளையாட்டு ஒன்றில் தமிழ் பேசும் கில்டில் இருந்து, அங்கே ஒருவர் பாதி விலை டாப்-அப் பற்றிப் பேசியிருந்தால், ஓடிபி எதையும் கொடுத்தாயா என்று இன்று மாலையே அன்போடு கேளுங்கள்.