முன் பிரேக் விளக்குச் சுவிட்சுக்கு முழு வயரிங் பணம்: பழைய வண்டி வைத்திருப்போர் கவனத்திற்கு

ஆத்திரம் தணிந்த பிறகு எழுதினால் பாதி விவரங்கள் விட்டுப்போகும் என்பதால், இப்போதே எழுதிவிடுகிறேன். என்னுடைய பழைய மோட்டார் சைக்கிளின் முன் பிரேக் லீவரில் இருக்கும் விரல்நுனி அளவுள்ள ஒரு சுவிட்ச் பழுதானதைச் சாக்காக வைத்து, அந்தச் சுவிட்சின் விலையைப் போல் 15 மடங்கு பணத்தை ஒரு பட்டறை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. பெயரை எழுதப்போவதில்லை. பழைய வண்டிகளை மட்டுமே பார்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது என்று சொன்னால் போதும். இப்படி ஏமாறாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

பழுது மிகச் சாதாரணமானது. பின் பிரேக்கை மிதித்தால் சிவப்பு விளக்கு நன்றாக எரிந்தது. முன் பிரேக்கைப் பிடித்தால் எரியவில்லை. இந்த ஒரு விவரத்திலேயே முக்கால் பங்கு விடை இருக்கிறது. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு சுவிட்சுகள் இருந்தாலும், இரண்டும் ஒரே விளக்கைத்தான் எரிய வைக்கின்றன. பின் மிதியால் விளக்கு எரிகிறது என்றால் பல்பு நன்றாக இருக்கிறது, ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, விளக்குக்குப் போகும் வயரும் எர்த்தும் நன்றாக இருக்கின்றன என்று பொருள். மிச்சம் இருப்பது முன் சுவிட்சும் அதற்கு வந்துபோகும் இரண்டு வயர்களும் மட்டுமே. பட்டறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் சொன்னதே இதைத்தான்.

அந்த மெக்கானிக் நான் சொன்னதை மறுக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் நம்பிக்கையைப் பெற்றதே அந்தப் பக்குவமான பேச்சுதான். வண்டியைச் சுற்றி வந்து, டேங்கைத் தட்டிப் பார்த்து, இந்த மாடலின் எஞ்சினைப் போல இப்போது யாரும் செய்வதில்லை என்று உருகினார். லீவரைச் சில முறை பிடித்துவிட்டு, "சுவிட்ச் போயிருப்பது உண்மைதான் சார், ஆனால் அது ஏன் போனது என்று பார்க்க வேண்டாமா?" என்று கேட்டார். பிறகு உள்ளே போய், உறை கருகி, செம்பு இழைகள் பச்சை பூத்துப்போன ஒரு வயர்த் துண்டைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். என் வண்டியின் ஹெட்லைட்டுக்குள் இருந்து எடுத்தது என்றார். சுவிட்சை மட்டும் மாற்றினால் இன்னொரு நாள் ஓடும்போதே ஷார்ட் ஆகி வண்டி பற்றிக்கொள்ளும் என்றும், முழு வயரிங் செட்டையும் மாற்றுவதுதான் நியாயமான வேலை என்றும் சொன்னார். கையில் கருகிய வயரை வைத்துக்கொண்டு, தீப்பிடிக்கும் என்று சொல்பவரிடம் யார்தான் வாதாடுவார்கள்? பாதிப் பணத்தை அங்கேயே முன்பணமாகக் கொடுத்தேன்.

வண்டியைத் திரும்ப எடுக்கப் போன அன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பெல்லாம் எரிகிறது. அவரே வண்டியில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, "பின்னால் போய் நின்று பாருங்கள் சார்" என்று சொல்லிவிட்டு முன் லீவரைப் பிடித்தார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. விட்டார், அணைந்தது. மறுபடி பிடித்தார், எரிந்தது. மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டு, "முழு வயரிங் மாற்றப்பட்டது" என்று எழுதிய பில்லையும் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வண்டிக்குப் பின்னால் நிற்பவருக்கு ஓட்டுபவரின் வலது கால் என்ன செய்கிறது என்று தெரியாது. கையால் லீவரைப் பிடித்துக்கொண்டே காலால் மிதியை அழுத்தியிருக்கிறார்!

அன்று இருட்டிய பிறகு, வண்டியின் பின்புறம் சுவரைப் பார்க்குமாறு நிறுத்தி முன் லீவரை மட்டும் பிடித்தேன். சுவரில் சிவப்பு வெளிச்சம் கொஞ்சமும் அதிகரிக்கவில்லை. மிதியை அழுத்தினேன், சுவர் சிவந்தது. மறுநாள் ஹெட்லைட்டைக் கழற்றிப் பார்த்தால், பளபளக்கும் புது இன்சுலேஷன் டேப்பைப் பழைய வயர்க்கட்டின் மேலேயே சுற்றி வைத்திருக்கிறார்கள். டேப்பைப் பிரித்தால் உள்ளே அதே வெளுத்த வயர்கள், அதே பழைய இணைப்புகள். கருகியது என்று காட்டினாரே, அந்த நிறத்தில் ஒரு வயரே என் வண்டியில் இல்லை. முன் சுவிட்சுக்கு வரும் இரண்டு வயர்களையும் வெட்டி, முனைகளைத் தனித்தனியாக டேப் சுற்றி உள்ளே தள்ளியிருந்தார்கள். சுவிட்சும் பழையதே. 15 மடங்கு பணத்துக்கு எனக்குக் கிடைத்தது ஒரு சுருள் டேப்.

தொலைபேசியில் கூப்பிட்டபோது, புது வயரிங் "செட் ஆக" கொஞ்ச நாள் பிடிக்கும் என்றார்கள். வயர் எதற்காகச் செட் ஆக வேண்டும் என்று கேட்டதும் இணைப்பு துண்டிக்கப்பட்டது. நேரில் போனபோது அந்த மெக்கானிக் வெளியே போயிருப்பதாக ஒரு பையன் சொன்னான். உள்ளே அவருடைய குரல் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருவழியாக அவரே வெளியே வந்தபோது, நான் எடுத்திருந்த படங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "பின் பிரேக்கில் எரிகிறதல்லவா சார், அது போதாதா?" என்றார். நான் விடாமல் நிற்கவே, டேப்பைப் பிரித்தது நான்தான் என்பதால் இனி எதற்கும் பொறுப்பேற்க முடியாது என்றும், மின்வேலைக்கு உத்தரவாதம் கிடையாது என்றும், பழைய வண்டி என்றால் இப்படித்தான் இருக்கும் என்றும் அடுக்கினார். எஞ்சினைப் புகழ்ந்த அதே வாயால் "இதைப் பழைய இரும்புக்குப் போடுங்கள்" என்று சொன்னதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை.

பின் பிரேக்கில் மட்டும் எரிந்தால் போதாது என்பதுதான் பதில். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்சக்கரத்துக்கு மாறுவதால், நிறுத்தும் வேலையின் பெரும்பகுதியை முன் பிரேக்தான் செய்கிறது. நெரிசலில் பலரும் முதலில் இழுப்பது கை பிரேக்கைத்தான். அந்த நேரத்தில் விளக்கு எரியாவிட்டால், பின்னால் வருபவருக்கு நான் நிற்கப்போகிறேன் என்பதே தெரியாது. இதைத் தெரிந்துகொண்டே வயரை வெட்டிவிட்டு, எரிவதாக நடித்துக் காட்டி அனுப்பியிருக்கிறார்கள். பணத்தைவிட இதுதான் எனக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது.

பிறகு வேலையை நானே செய்தேன். சாவியைப் போட்டு, வெட்டப்பட்ட இரண்டு வயர் முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்தேன். விளக்கு உடனே எரிந்தது. அப்படியானால் வயரிங்கில் எந்தக் கோளாறும் இருந்ததில்லை. லீவரை விட்டிருக்கும்போது அதன் உட்பகுதி சுவிட்சின் சிறு முளையை உள்ளே அழுத்தி வைத்திருக்கும். பிடித்ததும் முளை வெளியே வந்து உள்ளிருக்கும் தொடுமுனைகள் சேரும். என் சுவிட்சில் முளை அழுக்கும் துருவும் ஏறி உள்ளேயே சிக்கிக்கொண்டிருந்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோதும் அதில் மின்தொடர்பே இல்லை. ஒற்றைத் திருகைக் கழற்றிப் புதுச் சுவிட்சைப் பொருத்தி, வயர்களை ஒழுங்காக இணைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. இதற்குத்தான் 15 மடங்கு.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், ஆனால் நிதானமாக எழுதும் மனநிலை இப்போது இல்லை. வண்டியைத் திரும்ப எடுக்கும்போது நீங்களே ஏறி உட்கார்ந்து, இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி, லீவரை மட்டும் பிடியுங்கள். இன்னொருவரைப் பின்னால் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். லீவரை விட்டதும் விளக்கு அணைகிறதா என்பதையும் பாருங்கள், ஏனென்றால் இரண்டு வயர்களையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டு எப்போதும் எரியும்படி விடுபவர்களும் இருக்கிறார்கள். பின் மிதியில் விளக்கு எரியும்போது முழு வயரிங்கையும் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், முன் சுவிட்சின் இரண்டு வயர்களையும் உங்கள் கண்முன்னே இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கையில் வாங்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். நான் கொடுத்த பணத்தில் இதுவரை எதுவும் திரும்பி வரவில்லை.