பள்ளத்தூர் வீட்டில் நாலு வருடம்: எந்தச் சாமான் தாங்கியது, எது போனது

மூவாயிரம் சதுர அடி வீட்டுக்குத் தாராளம் என்று பெட்டியில் போட்டிருந்த ரவுட்டர், எங்கள் செட்டிநாட்டு வீட்டில் முகப்பைத் தாண்டி, முற்றத்தைச் சுற்றிய வளவுக்குள் காலெடுத்து வைக்கவே யோசித்தது. அடுப்படியில் இருக்கும் ஆத்தாவுக்கு மலேசியாவில் இருந்து தங்கச்சி வீடியோ கால் போட்டால், முகம் பாதி வந்து நிற்கும். ஆத்தா போனைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறுவார். அறுபத்தெட்டு வயது, முட்டிவலி வேறு.

2021 கடைசியில் சென்னை வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். முகப்பை ஒட்டிய அறைதான் அலுவலகம். ஆத்தங்குடியில் கல் போடுகிறவர்கள், காரைக்குடியில் பலகாரம் செய்து வெளியூருக்கு அனுப்புகிறவர்கள், முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைக்காரர்கள் சிலர், இவர்களுக்கு ஜிஎஸ்டி கணக்குப் போட்டுக்கொடுப்பது தொழில். இந்த நாலு வருடத்தில் வீட்டுக்கும் ஆபீசுக்கும் என்று வாங்கிப்போட்ட சின்னச் சாமான்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். பிரிண்டரைத் தவிர எதுவும் மூவாயிரம் ரூபாயைத் தாண்டவில்லை. கம்பெனிப் பெயர் சொல்லவில்லை. ஒரே டப்பா நாலு ஸ்டிக்கரில் வருகிற காலம். இன்று ஒரு பெயரைச் சொன்னால் அடுத்த மாதம் அதே பெயரில் உள்ளே வேறு சரக்கு இருக்கும்.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பிரச்சினை வீடுதான். முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. சுவர் ஒன்றேமுக்கால் அடி கனம். மேலே சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு. இன்றைக்கும் உள்ளங்கையை வைத்தால் வழுக்கும். அதில் டிரில்லரை வைத்தால் எட்டுப் புள்ளி (எட்டுக் குடும்பம்) பங்காளிகளுக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே எந்தச் சாமானாக இருந்தாலும் எனக்கு முதல் கேள்வி, இதை ஆணி அடிக்காமல் மாட்ட முடியுமா என்பதுதான்.

வைஃபைக்கு வருகிறேன். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை உண்டு. 5 வேகமானது, ஆனால் கனத்த சுவரைக் கண்டால் படுத்துவிடும். 2.4 கொஞ்சம் தள்ளிப் போகும். எங்கள் வீட்டில் 5 ரவுட்டர் இருக்கும் அறையோடு சரி. 2.4 வளவு வாசல் வரை வந்தது, அதுவும் சுவரைத் துளைத்து அல்ல, கதவு திறந்திருந்தால் அந்த வழியாக. பட்டாலை என்கிற கூடத்தில் மாட்டியிருக்கும் ஆள் உயரப் பெல்ஜியம் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள அறையில் சுத்தமாக இல்லை. கண்ணாடியின் பின்புற ரசப்பூச்சு உலோகம் அல்லவா, அலையைத் திருப்பி அடித்துவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு ரிப்பீட்டர் ஒன்று வாங்கிச் சொருகினேன். சிக்னல் கோடு நாலும் நிறைந்து தெரியும், வேகம் இருக்காது. மலிவு ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் வாங்கவும் வேண்டும், அதிலேயே கொடுக்கவும் வேண்டும். பாதி வேகம் அங்கேயே போய்விடும். எங்கள் பாதியில் பாதி என்னத்துக்கு ஆகும்? ஆறு மாதத்தில் கழற்றிவிட்டேன். இப்போது அது பரணில்.

கடைசியில் கை கொடுத்தது லேன் கேபிள்தான். சுவரில் துளை போடாமல் எப்படிக் கொண்டுபோவது என்று எலக்ட்ரீசியன் அண்ணனும் நானும் முழித்துக்கொண்டு நின்றபோது, வழி சொன்னது ஆத்தா. "வளவு வாசலைச் சுத்தி மழைத்தண்ணி போற தகரம் ஓடுதுல்ல, அது மேலயே கொண்டு போங்களேன்." முப்பத்தைந்து மீட்டர் ஆனது. லேன் கேபிளுக்கு நூறு மீட்டர் வரை கவலை இல்லை. வளவுக்கு அடுத்த பகுதியான ரெண்டாங்கட்டில், சென்னையிலிருந்து கொண்டுவந்த பழைய ரவுட்டரையே ஆக்சஸ் பாயின்ட் ஆக்கி, அதாவது கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகக் கொடுக்கும் பெட்டியாக்கி வைத்தேன். அதில் டிஹெச்சிபியை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு ரவுட்டரும் ஆளுக்கொரு முகவரி கொடுத்து வீட்டையே குழப்பும். அன்று சாயங்காலமே ஆத்தா அடுப்படியில் முறுக்குப் பிழிந்துகொண்டே தங்கச்சியிடம் பேசினார்.

அணிலைத்தான் நான் கணக்கில் எடுக்கவில்லை. நான் போட்டது வீட்டுக்குள் ஓடும் சாதாரணக் கேபிள். எட்டாவது மாதம் நெட் விட்டுவிட்டு வந்தது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தால், தகரத்தின் மூலையில் கேபிளின் சாம்பல் தோல் உரிந்து, நாலு ஜோடிக் கம்பியில் ஒரு ஜோடி வெளியே தெரிகிறது. பக்கத்திலேயே பாதி கொறித்த கொய்யாப்பழம். வெளியில் போடும் இரட்டை உறைக் கேபிளாக மாற்றி, திறந்தவெளிப் பகுதிக்கு பிவிசி குழாய் கொடுத்தபிறகு இன்றுவரை தொந்தரவு இல்லை. கூடுதல் செலவு எழுநூறு ரூபாய். அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

அடுத்தது மினி யூபிஎஸ், கரண்ட் போனால் ரவுட்டரைத் தாங்கும் சின்ன பேட்டரி டப்பா. வீட்டு இன்வெர்ட்டர் வளவோடு முடிகிறது, முகப்புப் பக்கம் லைன் இல்லை. கரண்ட் இரண்டு நிமிடம் போய் வந்தாலும் ரவுட்டர் அணைந்து எழுந்திருக்க மூன்று நிமிடம். அந்த நேரம் பார்த்துத்தான் வாடிக்கையாளர் போனுக்கு ஓடிபி போயிருக்கும். 1,350 ரூபாய்க்கு 12 வோல்ட் யூபிஎஸ் வாங்கினேன். பெட்டியில் "4 மணி நேரம்". கடிகாரம் வைத்துப் பார்த்தேன்: ரவுட்டர், ஃபைபர் மோடம் இரண்டுக்கும் சேர்த்து 2 மணி 10 நிமிடம். கணக்குப் போட்டால் அவ்வளவுதான் வரும். உள்ளே 2,000 மில்லி ஆம்பியர் மணி லித்தியம் செல் மூன்று, ஒவ்வொன்றும் 3.7 வோல்ட். மொத்தம் 22 வாட் மணி. இரண்டு டப்பாவும் சேர்ந்து ஒன்பது வாட் இழுக்கின்றன. நாலு மணி நேரம் எங்கிருந்து வரும்?

அதிலும் நான் செய்த தப்பு ஒன்று உண்டு. அறைச் சுவரில் பழைய விளக்கு மாடம் இருக்கிறது. ரவுட்டர், மோடம், யூபிஎஸ் மூன்றும் அளவெடுத்துச் செய்ததுபோல அதில் அடங்கின. பார்க்க அழகு. பதினாலாவது மாதம், ஒரு 20-ஆம் தேதி, ஜிஎஸ்டி மாதக் கணக்கான 3பி தாக்கல் செய்ய இன்னும் ஐந்து பேர் பாக்கி இருக்கும்போது கரண்ட் போனது. யூபிஎஸ் இருபத்தைந்து நிமிடத்தில் உயிரை விட்டது. தொட்டால் கை பொறுக்காத சூடு.

பக்கத்துத் தெருவில் சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் ஒருவர் இருக்கிறார். வெளியூர்க்காரர்களுக்காக: காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைத்தான் நாங்கள் சிக்ரி என்போம். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்டது. பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர்போன இடம். அதிலிருந்து ஏழெட்டு மைலில் உட்கார்ந்துகொண்டு நான் பேட்டரியை வேகவைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் மாடத்தை எட்டிப்பார்த்துவிட்டுச் சிரித்தார். "சூடு ஒண்ணு, எந்நேரமும் முழு சார்ஜ்லயே கெடக்கிறது ஒண்ணு. லித்தியத்துக்கு ரெண்டும் ஆகாது தம்பி. ரெண்டாவதுக்கு நீங்க ஒண்ணும் பண்ண முடியாது. மொதலாவதுக்காவது வெளிய எடுத்து வைக்கலாம்ல?" செல் மாற்றித் தருகிறேன் என்று கடையில் சொன்னதையும் வேண்டாம் என்றார், பழைய லேப்டாப்பில் கழற்றின செல்லாக இருக்கும் என்று. புதிது வாங்கி ஜன்னலோர மரப்பலகையில் வைத்தேன். அதே மாடல். இருபத்தாறு மாதம் ஆகிறது, இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்குமேல் நிற்கிறது. மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் காலை 9 மணிக்கு நிறுத்தும் நாளில் இதெல்லாம் எம்மாத்திரம். அன்றைக்கு நான் தேவகோட்டை மாமா வீட்டுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன், சாப்பாடும் ஆயிற்று.

ஸ்மார்ட் பிளக் பற்றி எழுதவே கூச்சமாக இருக்கிறது. 650 ரூபாய், 10 ஆம்பியர். ஆபீசில் இருந்தபடியே போனில் மோட்டார் போடலாம் என்று ஆசை. ஒரு குதிரைசக்தி மோட்டார் ஓடும்போது ஐந்தாறு ஆம்பியர்தான் இழுக்கும், ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போல் பல மடங்கு. தினம் அப்படி அடி வாங்கி, மூன்றாவது வாரம் உள்ளே ரிலே (கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டது. போனில் "ஆஃப்" என்று காட்டுகிறது, மோட்டார் பாட்டுக்கு ஓடுகிறது. தொட்டி நிறைந்து வழிந்து, சுவரில் ஒரு முழ நீளத்துக்குத் தண்ணீர் இறங்கி, பூச்சில் பழுப்புத் தடம். அது போகவே போகாது என்று கொத்தனார் சொல்லிவிட்டார். வருகிறவர்களுக்கெல்லாம் ஆத்தா அதைக் காட்டுவார்: "இது எம்மகன் செல்போன்ல மோட்டார் போட்டது." இப்போது தொட்டியில் மிதவை சுவிட்ச். வைஃபை கிடையாது, செயலி கிடையாது, பிரச்சினையும் கிடையாது. அந்த பிளக் இன்று மேசை விளக்குக்கு ஓடுகிறது. அதற்குத்தான் அது லாயக்கு.

அந்த மோட்டாரைப் பார்க்க வந்த எலக்ட்ரீசியன் அண்ணன்தான் என் லேப்டாப்பைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். "என்னங்க, சுர்ருங்குது?" எனக்கும் தெரியும்; உலோக மூடி லேப்டாப் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பாக்கெட்டில் இருந்த பிளக் டெஸ்டரை, சாக்கெட்டின் ஒயரிங் சரியா என்று காட்டும் சின்னக் கருவியை, சொருகினார். மூணு பின் சாக்கெட்தான், ஆனால் எர்த் துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. அந்தக் காலத்து மரப்பட்டி ஒயரிங்கில் இரண்டே கம்பி; யாரோ மேலே மட்டும் புது சாக்கெட் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஐப்பசி இடியில் என் ரவுட்டரின் ஒரு போர்ட் கருகியபோது கம்பெனியைத் திட்டினேனே, அப்போதே இதைப் பார்த்திருக்க வேண்டும்.

கொல்லையில் குழி தோண்டி, கம்பி இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த் எடுத்து ஆபீஸ் சாக்கெட்களுக்குக் கொண்டுவந்தோம். ஐயாயிரத்துக்குள் முடிந்தது. அதோடு 250 ரூபாய்க்கு ஒரு பிளக் டெஸ்டரும் 400 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டரும் எனக்கென்று வாங்கினேன். சித்திரையில் ஒரு சாயங்காலம் 178 வோல்ட், அதே நாள் நடுராத்திரி 250. அதைப் பார்த்தபிறகு பிரிண்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஸ்டெபிலைசர் வைத்தேன். இந்த நாலு வருடத்தில் நான் வாங்கியதிலேயே காசுக்கு மதிப்பான சாமான் எது என்று கேட்டால் அந்த 250 ரூபாய் டெஸ்டர்தான். ரவுட்டருக்கு முன்னால் அதை வாங்கியிருந்தால் ஏழெட்டாயிரம் மிச்சம். பழைய வீட்டில் குடியிருப்பவர்கள் வேறு எதையும் வாங்குமுன் அதை வாங்கி ஒவ்வொரு சாக்கெட்டாகச் சொருகிப் பாருங்கள்.

பிரிண்டர்: இங்க் டேங்க், பதினோராயிரம். பக்கத்துக்குப் பைசாக் கணக்குதான், குறையே இல்லை. ஆனால் மாதத்தில் ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கெடுவான 11-ம் 20-ம் தேதிகளை ஒட்டித்தான் எனக்கு அச்சு வேலை. நடுவில் சும்மா கிடக்கும். கோடையில் மஞ்சள் மை காய்ந்து அடைத்துக்கொண்டது. சுத்தம் செய் என்று பொத்தானை அழுத்த அழுத்த, வீணாகும் மையெல்லாம் உள்ளே ஒரு பஞ்சில் போய்ச் சேர்ந்து, இரண்டரை வருடத்தில் பஞ்சு நிறைந்துவிட்டது என்று வேலைநிறுத்தம். சர்வீசுக்குப் பன்னிரண்டு நாள் காத்திருந்தேன். இப்போது திங்கட்கிழமை தோறும் முருகன் படம் ஒன்று கலரில் அச்சடிக்கிறேன். அடைப்பு இல்லை. கறுப்பு வெள்ளை மட்டும் போதும் என்பவர்கள் யோசிக்காமல் லேசர் வாங்குங்கள், பொடி காயாது.

கேமரா, 1,900 ரூபாய். பூட்டிக் கிடக்கும் பங்காளி அறைகளுக்காக வளவில் உத்தரத்தில் பிளாஸ்டிக் பட்டையால் கட்டி வைத்தது. படம் தெளிவு. சாதாரண மெமரி கார்டு இரண்டு முறை செத்தது. இரவுபகலாக எழுதி அழிப்பதற்கென்றே வரும் கார்டு போட்டபின் தாங்குகிறது. வௌவால்தான் தீராத தலைவலி. ராத்திரி இரண்டு மணிக்கு ஒன்று குறுக்கே பறந்தால் சிங்கப்பூர் அண்ணன் போன் அலறும், அவர் என்னை எழுப்புவார். உணர்திறனைக் குறைத்துவைத்தேன், இப்போது பூனைகூடத் தெரிவதில்லை, திருடனும் பூனை அளவுக்கு வந்தால் கஷ்டம்தான். ஆத்தா அதற்கு முன்னால் வெற்றிலை போடுவதில்லை, தூண் மறைவுக்குப் போய்விடுகிறார்.

மிச்சத்தைச் சுருக்கமாக. பிஎல்டிசி காற்றாடி: பழையது 75 வாட் இழுத்த இடத்தில் இது 30-க்கும் குறைவு, இன்வெர்ட்டரில் நன்றாக இழுத்துப்பிடிக்கிறது, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் தாண்டாமல் பார்த்துக்கொள்ள உதவுகிறது. எங்கள் உயர மச்சில் ரிமோட்டை மட்டும் கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். பவர் பேங்க்: 10,000 மில்லி ஆம்பியர் மணி என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. போனுக்குப் போவது ஆறாயிரத்துச் சொச்சம், அதுவும் பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கும். சார்ஜர், அடாப்டர் எதுவானாலும் மேலே 'ஆர்' எழுத்தோடு எட்டு இலக்க எண் இருக்கிறதா என்று பார்த்து, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் தட்டிப் பாருங்கள். சந்தையில் 150 ரூபாய்க்கு வாங்கிய ஒன்றில் எண் இருந்தது, செயலியில் அந்த எண் யாருக்கோ சொந்தம்.

இவை அனைத்துக்கும் உண்மையான பரீட்சை போன மாசியில், முன்னோருக்குப் படையல் போடும் படைப்பன்று நடந்தது. எட்டுப் புள்ளியும் பிள்ளைகுட்டியோடு வந்துவிட்டார்கள். பாஸ்வேர்டை ஆத்தா காலண்டர்த் தாளின் பின்பக்கம் எழுதித் தூணில் கட்டிவிட்டார். முகப்பு ரவுட்டர் அசரவில்லை. ரெண்டாங்கட்டு ரவுட்டர் இருபத்தைந்து போனைத் தாண்டியதும் திணறி நின்றது, இரண்டு முறை அணைத்துப் போட்டேன். பந்தி நடக்கும்போது பார்த்தால், இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அத்தனை பேர் கையிலும் போன்.

ஆத்தா பாயச வாளியோடு என்னிடம் வந்தார். "முன்னெல்லாம் சிக்னல் தேடியாவது எல்லாம் ஒண்ணா மாடிக்குப் போகுங்க. அடுத்த வருசம் படைப்பன்னைக்கு மட்டும் அந்த டப்பாவைப் பிடுங்கி வச்சிரு அப்பா."