கட்டிப்பிடித்து வாருவதா, காலுக்குப் பாய்வதா?

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் எங்கள் பயிற்சிக் கொட்டகை நிறைந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. மண்டபம், வேதாளை, உச்சிப்புளிப் பக்கத்துப் பையன்கள் விடாமல் பயிற்சிக்கு வர அந்த 61 நாள்தான் தோது. இந்த முறை வந்த ஏழு பேரில் இரண்டு பேர் எம்.எம்.ஏ. (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை) அமெச்சூர் போட்டியில் இறங்கியே தீருவோம் என்று நின்றார்கள். இரண்டே மாதம். எதிராளியைக் கீழே கொண்டுபோக ஒரு வழியைத்தான் உருப்படியாகச் சொல்லிக்கொடுக்க முடியும். ஜூடோ எறிதலா, குஸ்திக்காரர்களின் டபுள் லெக்கா? நான் ஜூடோவை எடுத்தேன். பதினோரு வருடம் ஜூடோ ஆடியவன், அந்தப் பக்கம் மனசு சாயத்தான் செய்யும். ஆனால் அதற்காக மட்டும் எடுத்த முடிவு இல்லை.

டபுள் லெக்கின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தாழ்ந்து பாய்ந்து, இரண்டு தொடையையும் சேர்த்துக் கட்டி, தோளால் முட்டிச் சாய்ப்பது. சீக்கிரம் படியும். எங்கள் பையன்களுக்கு இன்னும் சீக்கிரம், ஏனென்றால் எல்லாரும் கபடி ஆடியவர்கள். பாடி வருபவனின் தொடையைக் கட்டிப் பழகிய கை அது. அப்புறம், தூரத்திலிருந்தே பாயலாம். ஜூடோவுக்கு நெஞ்சோடு நெஞ்சு ஒட்டியாக வேண்டும், போகிற வழியெல்லாம் குத்து விழும். ஒலிம்பிக்கில் ஜூடோ வெண்கலம் வாங்கிய ரோண்டா ரௌசியே 2015 நவம்பரில் மெல்போர்னில் ஹாலி ஹோமை நெருங்க நெருங்க முகத்தில் வாங்கினார். இரண்டாம் ரவுண்டில் தலையில் விழுந்த உதையோடு ஆட்டம் முடிந்தது. இன்னொன்று, 2010-க்கும் 2013-க்கும் இடையில் சர்வதேச ஜூடோ விதிகளில் காலைக் கையால் பிடிப்பது படிப்படியாகத் தடையானது. அதற்குப் பிறகு ஜூடோ கற்றவனுக்குக் காலுக்குப் பாய்பவனைத் தடுக்கும் பழக்கமே இருக்காது. அதனால் எதைக் கற்றுக்கொடுத்தாலும் முதல் வாரம் முழுக்க ஸ்ப்ரால்தான். இடுப்பைப் பின்னால் வீசி, பாய்ந்தவன் முதுகின் மேல் பாரத்தைப் போடுவது.

இவ்வளவும் தெரிந்துதான் ஜூடோ என்கிறேன். காரணம் ஒன்றே ஒன்று. போட்ட பிடி தவறினால் நம் கையில் என்ன மிஞ்சும்?

இதை நான் பட்டுத்தான் கற்றேன். என் இரண்டாவது எம்.எம்.ஏ. போட்டி. எனக்குக் கைவந்தது செயோ நாகே, தோளுக்கு மேல் ஏற்றி எறிவது. ஜூடோவில் எதிராளியின் சட்டைக் கையைப் பிடித்துவிட்டால் அது கயிறு மாதிரி, வியர்வையோ மழையோ நழுவாது. எம்.எம்.ஏ.வில் சட்டை கிடையாது. மே மாதப் புழுக்கம், மேலே தகரக் கூரை, இரண்டாம் ரவுண்டு. அவன் மணிக்கட்டையும் மேல்கையையும் பிடித்துக்கொண்டு, முதுகைக் கொடுத்துத் திரும்பினேன். பாதி திரும்புவதற்குள் அவன் கை என் உள்ளங்கையிலிருந்து எண்ணெய் தடவியது போல உருவிக்கொண்டு போனது. என் கையில் ஒன்றும் இல்லை, என் முதுகு அவனிடம் இருக்கிறது. கழுத்துக்குள் முன்கை நுழைந்ததும், தோற்றேன் என்று தட்டிவிட்டேன். பிடி சரியாகத்தான் போட்டிருந்தேன். தவறினால் முதுகு போகும் என்பதை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை.

அதே கேள்வியை டபுள் லெக்கிடம் கேளுங்கள். தவறினால் என்ன மிஞ்சும்? நீங்கள் முழங்காலில், தலை அவன் நெஞ்சுக்குக் கீழே, கழுத்து அவன் கையிடுக்கில். கில்லட்டின், அதாவது முன்னாலிருந்து கழுத்தைக் கையால் இறுக்கும் பிடி, போட இதைவிட நல்ல இடம் கிடையாது. எழுந்து மறுபடி பாய நெஞ்சில் மூச்சும் இருக்காது. பாயும்போதே எதிரே முழங்கால் வந்தால் அதோடு சரி. 2019 ஜூலையில் பென் அஸ்க்ரென் தாழ்ந்து பாய்ந்தபோது ஹோர்ஹே மாஸ்விடால் பறந்து வந்து முழங்காலால் இடித்தார். ஐந்தே விநாடியில் ஆட்டம் முடிந்தது. அஸ்க்ரென் ஒலிம்பிக் வரை போன மல்யுத்த வீரர்.

ஆகவே நான் ஜூடோ என்று சொல்வது தோளில் ஏற்றி எறியும் ஜூடோவை இல்லை. இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு காலை வாருகிற சின்ன வேலைகளை. எதிராளியின் இரண்டு கைக்கும் கீழே நம் கைகளை நுழைத்து, அவன் இடுப்புப் பள்ளத்தில் கோக்க வேண்டும். விரலுக்குள் விரல் விட வேண்டாம், உள்ளங்கையோடு உள்ளங்கை போதும். காது அவன் நெஞ்சில் ஒட்டியிருக்க வேண்டும். கையால் இடுப்பை உள்ளே இழுத்து, தலையால் நெஞ்சைத் தள்ளினால் முதுகு பின்னால் வளையும். வளைந்ததும் நம் காலை உள்பக்கமாக அவன் கெண்டைக்காலில் கொக்கி போல மாட்டி இழுக்க வேண்டும். அது ஓ-உச்சி-காரி. வெளிப்பக்கமாக மாட்டினால் கோ-சோட்டோ-காகே.

இந்தப் பிடியில் எனக்குப் பிடித்ததே இதுதான்: அவன் தோலை நாம் பிடிக்கவில்லை. நம் கையை நாமே பிடித்திருக்கிறோம். அவன் உடம்பு எவ்வளவு வழுக்கினாலும் கிளவுஸோடு கோத்த கை சுலபத்தில் விடாது. எங்கள் கரையில், காற்று நின்றுவிட்ட சாயங்காலத்தில், ஐந்து நிமிடத்தில் பனியன் பிழியும் அளவு ஊறிப்போகும் இடத்தில், இது சின்ன விஷயம் இல்லை. கால் மாட்டியது தவறினாலும் ஒன்றும் குடிமுழுகாது. கட்டிய இடுப்பு அப்படியே இருக்கிறது. மறுகாலை மாட்டலாம், முழங்காலால் இடிக்கலாம், தள்ளிவிட்டு வெளியேறலாம். 2014-இல் ரௌசி, மல்யுத்தத்தில் ஒலிம்பிக் வெள்ளி வாங்கிய சாரா மெக்மேனை ஒரு நிமிடம் சொச்சத்தில் முடித்தது எறிந்து இல்லை, நெருக்கத்தில் விட்ட முழங்கால் விலாவுக்குக் கீழே விழுந்து. இரண்டு ஒலிம்பிக் ஜூடோ தங்கம் வென்ற கைலா ஹாரிசன் 2025-இல் எம்.எம்.ஏ.வின் பெரிய அமைப்பான யு.எஃப்.சி.யின் பட்டம் வாங்கினார். அவர் ஆட்டத்தைப் பார்த்தாலும் ஒட்டி, இறுக்கி, சாய்த்து, மேலே தங்குவதுதான் அடிப்படை.

பையன்களுக்கு இது புரிய நேரமாகவில்லை. கரைவலை இழுப்பவன் கையால் இழுப்பதில்லை. குதிகாலை மணலில் ஊன்றி, இடுப்பைக் கொடுத்துச் சாய்வான். இரண்டாம் நாளே ஒருவன், "அண்ணே, வலைக்கயிறு இழுக்குற மாதிரிதாண்ணே இது" என்றான். மணலில் பயிற்சி நடக்கும்போது இடுப்பைக் கட்டும் பிடியை, இடுப்புக்கட்டு என்போம், அதை மட்டும் செய்யச் சொல்கிறேன். பாதம் புதையும் இடத்தில் கால் வாரிப் பழகினால் நேரம் தப்பாகப் படிந்துவிடும். அதற்கு மேட்தான் வேண்டும்.

ஒரு இடத்தில் மட்டும் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் ஆடிய இரண்டு போட்டியும் கயிறு கட்டிய ரிங்கில். கம்பிக் கூண்டில் கதை மாறும். எதிராளியைக் கூண்டில் சாத்திவிட்டால் அவனால் இடுப்பைப் பின்னால் வீச முடியாது, அங்கே டபுள் லெக் சுலபமாகிவிடும். இடுப்புக்கட்டில் கையைக் கோக்க முதுகுக்குப் பின்னால் இடமும் இருக்காது. நாங்கள் கொட்டகைச் சுவரில் பழைய மெத்தையைக் கட்டிவைத்து ஒத்திகை பார்க்கிறோம். கூண்டு அது ஆகாது. ஹரியானா அகாடாவில், குஸ்திப் பயிற்சிக்கூடத்தில், வளர்ந்த ஒருவன் எதிரே நின்றால் என்ன ஆகும் என்பதையும் எங்கள் பையன்கள் இன்னும் பார்க்கவில்லை.

இரண்டு பேரில் ஒருவனுக்கு விதிவிலக்கு கொடுத்திருக்கிறேன். ஆள் குள்ளம், கபடியில் கணுக்கால் பிடியில் பேர் வாங்கியவன். உயரமானவன் நெஞ்சில் அவன் காது எட்டும், ஆனால் கையை மேலே கொண்டுபோவதற்குள் எதிராளியின் முழங்கை இடி விழுகிறது. அவனுக்கு இடுப்புக்கட்டோடு சிங்கிள் லெக்கையும் சேர்த்திருக்கிறேன். ஒரு காலைத்தான் பிடிப்பான், தலையை வெளியே விடாமல் உள்பக்கமாக விலாவோடு ஒட்டிவைத்தால் கழுத்து அவ்வளவு சீக்கிரம் மாட்டாது. மற்றவன் நெட்டை. அவனுக்கு ஓ-உச்சி-காரி மட்டும், ஒரு நாளைக்கு வலது நூறு, இடது நூறு. ஜூன் 15-க்குப் பிறகு அவன் படகுக்குப் போய்விடுவான். கரைக்கு வரும் நாட்களில் மட்டும் கொட்டகைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான், கை கோக்கிற பயிற்சியைப் படகிலேயே செய்துகொள்வானாம்.