நைட்ரோ டிராக் பைக்: இரட்டை என்ஜினா, ஒற்றை வி-ட்வினா?

நைட்ரோமீத்தேன் எரிபொருளில் கால் மைல் நேர்பாதையில் பந்தயம் ஓடும் நைட்ரோ டிராக் பைக்குகளில் பழைய ஒன்றை வாங்கிச் சீர்செய்து, ஆண்டுக்குச் சில முறையாவது ஓடுபாதையில் உறுமவிட வேண்டும் என்று ஆசைப்படுபவருக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகளே எஞ்சியிருக்கின்றன. ஒன்று, நார்ட்டன் அல்லது டிரையம்ப் என்ஜின்கள் இரண்டை ஒரே சட்டகத்தில் முன்னும் பின்னுமாகப் பூட்டிய, 1970-களின் பாணியிலான இரட்டை என்ஜின் வண்டி. மற்றொன்று, ஹார்லி அமைப்பைப் பின்பற்றிய ஒரேயொரு பெரிய வி-ட்வின் என்ஜினை, அதாவது இரண்டு சிலிண்டர்கள் V வடிவில் நிற்கும் என்ஜினைக் கொண்ட வண்டி. இங்கிலாந்தில் வசிக்கும் நானும் நண்பர்கள் சிலரும் இவ்விரண்டுக்கும் இடையே நெடுநாள் ஊசலாடிவிட்டு, கடைசியில் ஒற்றை வி-ட்வினையே எடுத்தோம். எனவே இந்த ஒப்பீட்டில் ஒரு சாய்வு இருக்கும்; அதை மறைக்கப்போவதில்லை.

எது அதிகச் சத்தம் போடும், எது பார்ப்பவரைக் கவரும் என்பவற்றில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை. இரண்டுமே காதைப் பிளக்கும். இரண்டின் புகையிலும் கண் எரிந்து நீர் வழியும். அழகு என்று பார்த்தால், நான்கு குழாய்கள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும் இரட்டை என்ஜினுக்கு முன்னால் எதுவும் நிற்காது. வேகத்தையும் நான் ஒதுக்கிவிடுகிறேன், ஏனெனில் இன்று இந்த வண்டிகளை ஓட்டுபவர் யாரும் உலகச் சாதனைக்காக ஓட்டுவதில்லை.

இரட்டை என்ஜின் என்ற யோசனை எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவைப்படுகிறது. நைட்ரோமீத்தேனோ தன் மூலக்கூறிலேயே ஆக்சிஜனைச் சுமந்து வருவதால் 1.7 கிலோ காற்றே அதற்குப் போதும். எடைக்கு எடை பார்த்தால் நைட்ரோவில் பெட்ரோலின் கால் பங்கு ஆற்றல்தான் இருக்கிறது என்றாலும், அதே அளவு காற்றுக்கு எட்டு மடங்குக்கும் மேல் எரிபொருளை ஊற்ற முடிகிறது என்பதால், ஒரே சிலிண்டரிலிருந்து கிடைக்கும் ஆற்றல் இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும்படி 1960-களின் சாலை பைக் என்ஜின் எதுவும் செய்யப்படவில்லை. ஒரு டிரையம்பை உடைக்காமல் அதிலிருந்து வாங்கக்கூடிய சக்திக்கு ஒரு வரம்பு இருந்தது. அந்த வரம்பைத் தொட்ட பிறகு, பக்கத்தில் இன்னொரு டிரையம்பை வைப்பதுதான் அன்றைக்குக் கைக்கெட்டிய தீர்வு. போரிஸ் மர்ரி இரண்டு டிரையம்ப் என்ஜின்களை நைட்ரோவில் ஓட்டிப் புகழ்பெற்றது இந்த வழியில்தான்.

அதன் உச்சம் விஸ்கான்சின் மாநிலத்தின் கெனோஷாவில் ஜான் கிரிகரி உருவாக்க, டி.சி. கிறிஸ்டென்சன் ஓட்டிய ஹாக்ஸ்லேயர். இரண்டு நார்ட்டன் கமாண்டோ என்ஜின்கள், கார் டயரையொத்த அகலமான பின்சக்கரம், புறப்படும்போது வேண்டுமென்றே நழுவி மெல்ல மெல்ல இறுகும் கிளட்ச் ஆகியவை சேர்ந்து, 1970-களின் அமெரிக்க ஓடுபாதைகளில் ஹார்லிகளை வரிசையாக வீழ்த்தின. வண்டியின் பெயரே அதைச் சொல்லும்: ‘ஹாக்’ என்பது ஹார்லியின் செல்லப்பெயர், ‘ஸ்லேயர்’ என்றால் கொல்பவன். ஹார்லி வகையை வைத்திருக்கும் நான் அந்தப் பெயரைச் சற்று அடக்கியே உச்சரிக்கிறேன். இங்கிலாந்துப் பக்கம் ஜான் ஹாப்ஸ் இரண்டு வெஸ்லேக் என்ஜின்களுக்கு, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜர் பூட்டி ஓட்டிய ‘ஹாபிட்’ அதே காலத்தின் இன்னொரு சிகரம். ரஸ் காலின்ஸ் இவர்கள் எல்லோரையும் மிஞ்சி, மூன்று ஹோண்டா சிபி750 என்ஜின்களை, அதாவது பன்னிரண்டு சிலிண்டர்களை, ஒரே வண்டியில் அடுக்கிக் கால் மைலை எட்டு வினாடிக்குள் முடித்தார். 1976-ல் ஒஹையோவின் ஏக்ரனில் அந்த வண்டி விபத்தில் சிதைந்தது. பலத்த காயத்திலிருந்து மீண்டு வந்த அவர், இரண்டு ஹோண்டா என்ஜின்களை வி-8 வடிவில் இணைத்துக் கட்டிய ‘சார்சரர்’ 1977-ல் 7.30 வினாடியில், மணிக்கு 199.55 மைல் வேகத்தில், அதாவது ஏறத்தாழ 321 கிலோமீட்டரில், பாதையைக் கடந்தது.

ஹார்லிக்காரர்களும் கைகட்டி நிற்கவில்லை. லியோ பெய்ன் தன் ஹார்லி ஸ்போர்ட்ஸ்டரை டிராக் பாதையிலும், 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் போனவில் உப்புவெளியிலும் விரட்டி, காற்றுத்தடை உறை மூடாத பைக்கில் மணிக்கு 200 மைலைத் தாண்டினார். ஒன்பது வினாடி எல்லையை முதலில் உடைத்தவர் என்று பெரும்பாலும் சொல்லப்படுபவர் ஜோ ஸ்மித். அதை அவர் செய்தது ஹார்லியில். ஆனால் அதே ஜோ ஸ்மித்தும் பின்னர் இரட்டை என்ஜின் ஹார்லிக்கு மாறினார் என்பதை என் கட்சிக்கு எதிரான சாட்சியாக ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். அந்தக் காலத்தில் வெற்றி ஒன்றே குறிக்கோள் என்றால், இரண்டு என்ஜின் என்பது கிறுக்குத்தனமல்ல, கணக்குப் போட்டு எடுத்த முடிவு.

அப்படியிருந்தும் நாங்கள் ஒற்றை என்ஜினை எடுத்ததற்குக் காரணம் ஓட்டம் அல்ல. இரண்டு ஓட்டங்களுக்கு இடையே செய்ய வேண்டிய பராமரிப்பு. கால் மைலை ஓடி முடிக்க வினாடிகள் போதும். அதன் பிறகு பட்டறை மேசைக்கு முன்னால் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கிறது. நைட்ரோ வண்டியைத் தேர்ந்தெடுப்பவர் உண்மையில் தேர்ந்தெடுப்பது அந்த மணிக்கணக்கைத்தான்.

ஒரு ஓட்டம் முடிந்து வண்டி திரும்பி வந்தவுடன் முதல் வேலை ஆயிலை வடிப்பது. எரியாத நைட்ரோவும், அதனோடு கலந்து ஊற்றும் மெத்தனாலும் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலோடு கலந்துவிடுவதால், காலையில் ஊற்றிய புத்தம்புது ஆயில் ஒரே ஓட்டத்தில் நிறம் மாறி, நீர்த்துப்போய் வெளியே வரும். விரலில் தொட்டால் வழவழப்பே இராது. அடுத்து பிளக்குகள். கழற்றிய பிளக்கைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துத் திருப்பினால், வளைந்து நிற்கும் தரை மின்முனையின் நுனி எவ்வளவு தூரம் வெந்து நிறம் மாறியிருக்கிறது, ஓரம் உருகியிருக்கிறதா, பீங்கானில் பொடிப்பொடியாக அலுமினியம் தெறித்து ஒட்டியிருக்கிறதா என்பவை தெரியும். அலுமினியம் தெறித்திருந்தால் பிஸ்டன் கரையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்தது. பிறகு வால்வு இடைவெளி, கிளட்ச் தட்டுகள், சிலிண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள். நாள் முடிவில் எரிபொருள் பம்பையும் குழாய்களையும் கழுவி எண்ணெய் பூசி வைக்க வேண்டும்; இல்லையேல் மெத்தனால் அலுமினியத்தை அரித்துவிடும்.

இரட்டை என்ஜினில் இந்த வேலைகள் அப்படியே இரண்டு மடங்காகும் என்று நினைத்தால் அது குறைத்து மதிப்பிடுவதாகும். இரண்டு ஆயில் அமைப்புகளும் நான்கு பிளக்குகளும் பெரிய சுமையல்ல. சுமை அந்த இரண்டு என்ஜின்களுக்கும் நடுவில் இருக்கிறது. முன் என்ஜினின் சக்தி செயின் வழியாகப் பின் என்ஜினின் கிராங்க் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் அச்சு) முனைக்கு வந்து, அங்கிருந்து இரண்டின் சக்தியும் சேர்ந்து கிளட்ச்சுக்குப் போகிறது. அதாவது ஒரு சாலை பைக்கின் சக்திக்காகச் செய்யப்பட்ட கிராங்க் முனை ஒன்று, நைட்ரோவில் பெருகிய இரண்டு என்ஜின்களின் இழுவையைத் தாங்குகிறது. அந்தச் செயினின் இறுக்கம், பல்சக்கரங்களின் நேர்கோடு, இரண்டு கிராங்குகளுக்கும் இடையே அமைத்த கோணம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். செயின் அறுந்தால் சுமையிழந்த முன் என்ஜின் கண்ணிமைக்கும் நேரத்தில் வரம்பு கடந்து சுழன்று தன்னைத் தானே சிதைத்துக்கொள்ளும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு; என் முடிவைத் தீர்மானித்தது அதுதான். நைட்ரோ என்ஜினில் ஒரு பிளக் அணைந்துவிட்டால் அந்தச் சிலிண்டருக்குள் எரிபொருள் தொடர்ந்து கொட்டிக்கொண்டே இருக்கும். திரவத்தை அமுக்க முடியாது என்பதால், நிரம்பிய சிலிண்டரில் பிஸ்டன் மேலே ஏறும்போது அதைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வளையும், அல்லது சிலிண்டரே பெயர்ந்து மேலே போகும். வி-ட்வினில் ஒரு சிலிண்டர் செத்தால் சக்தியில் பாதி போய்விடுகிறது. ஓட்டுபவரின் கை தானாகவே ஆக்சிலரேட்டரை மூடிவிடும். நான்கு சிலிண்டர் கொண்ட இரட்டை என்ஜினிலோ கால் பங்குதான் குறைகிறது. மற்ற மூன்றும் வண்டியை இழுத்துக்கொண்டு ஓட, செத்த சிலிண்டரையும் அவையே வலுக்கட்டாயமாகச் சுழற்றுகின்றன. ஓட்டுபவர் சந்தேகப்படுவதற்குள் பாதை முடிந்துவிடலாம், என்ஜினும் முடிந்துவிடலாம். இரண்டு என்ஜின்களில் ஒன்றுக்கு மட்டும் கலவையில் எரிபொருள் சற்றுக் குறைந்துபோனாலும் இதே கதைதான்: ஒன்று வேக, மற்றது அதை மறைத்துக்கொண்டே ஓடும். ஒரு நண்பரின் இரட்டை நார்ட்டனுக்கு நான் உதவியாளாக நின்ற நாட்களில், ஓட்டங்களைவிட, இரண்டு எரிபொருள் அமைப்புகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர நாங்கள் பட்ட பாடுதான் நினைவில் இருக்கிறது. ஓட முடியாத நாட்களில் பலவற்றுக்கு அதுவே காரணம்.

ஒற்றை வி-ட்வின் சாது என்று இதற்குப் பொருளல்ல. ஹார்லி அமைப்பில் இரண்டு கனெக்டிங் ராட்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஒரே கிராங்க் பின்னில் சுழல்கின்றன. இரு பக்கத்துச் சக்கரங்களையும் அந்தப் பின்னையும் தனித்தனியாகச் செய்து ஒன்றுசேர்த்த கிராங்க் அது. நைட்ரோவின் அடியில் அது கொஞ்சம் முறுக்கிக்கொண்டால் போதும். முழுவதையும் பிரித்து, டயல் கேஜ் வைத்து மறுபடி நேராக்க வேண்டும். அந்த வேலை தெரிந்த கைகள் குறைவு, கூலியும் அதிகம். ஆனால் பழுது எங்கே வரும் என்பது முன்கூட்டியே தெரியும், ஓரிடத்தில்தான் வரும், சரிசெய்தால் சரியாகிவிடும். மேலும், வலுவூட்டிய கிராங்க் பெட்டி, தடித்த சிலிண்டர், பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ என்று வி-ட்வினுக்கு நைட்ரோவையே மனத்தில் வைத்துச் செய்த பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. காரணம், அந்த வகைப் போட்டி இன்னும் உயிரோடு இருக்கிறது. அமெரிக்காவில் டாப் ஃபியூயல் ஹார்லி வண்டிகள் சூப்பர்சார்ஜர் இல்லாமலேயே ஓடுகின்றன. ஐரோப்பாவில் சூப்பர் ட்வின் என்ற பிரிவு இருக்கிறது. கமாண்டோவின் உற்பத்தியோ 1977-லேயே நின்றுவிட்டது. சாலை நார்ட்டனுக்கு இன்றும் புதுப் பாகங்கள் கிடைக்கின்றன என்பது உண்மை. ஆனால் இரண்டு என்ஜின்களை இணைக்கும் பாகங்களை யாரும் அலமாரியில் அடுக்கி வைத்து விற்பதில்லை. ஒவ்வொன்றையும் வரைந்து கொடுத்துக் கடைசல் பட்டறையில் செய்துகொள்ள வேண்டும். இரட்டை என்ஜின் வைத்திருப்பது யானையைக் கட்டித் தீனி போடுவது போலத்தான். பெருமைக்குக் குறைவில்லை, வீட்டில் அரிசி மிஞ்சாது.

வரலாறும் ஒற்றை என்ஜினின் பக்கமே திரும்பியது. எல்மர் ட்ரெட் போன்றவர்களின் கையில், கவாஸாகியின் அமைப்பிலிருந்து வளர்ந்த, சூப்பர்சார்ஜர் பூட்டிய ஒற்றை நான்கு சிலிண்டர் என்ஜின் மேலே வந்தபோது இரட்டை என்ஜின்களின் காலம் முடிந்தது. லாரி மெக்பிரைட் 1999-ல் ஆறு வினாடிக்குள் ஓடியதும் ஒற்றை என்ஜினில்தான். முழு என்ஜினையும் நைட்ரோவுக்கென்றே வார்த்தும் குடைந்தும் செய்ய முடிந்த பிறகு, இன்னொரு என்ஜினைப் பக்கத்தில் சுமக்க வேண்டிய தேவையே எழவில்லை.

45 பாகைக் கோணத்தில் அமைந்த வி-ட்வினின் சீரற்ற வெடிப்புகளுக்கு இடையே டயர் தரையை மறுபடி பற்றிக்கொள்கிறது என்று ஹார்லி அன்பர்கள் ஒரு விளக்கம் சொல்வதுண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. எங்கள் வண்டியை வைத்து அதை உறுதிப்படுத்தும் அளவுக்கு எனக்கு அனுபவம் போதாது. பல என்ஜின் ஹோண்டாக்களைப் பற்றியும் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், கை வைத்துப் பார்த்ததில்லை. மறுவிற்பனையிலும் என் கட்சி பலவீனமானது: வரலாறு தெளிவாகத் தெரிந்த, படங்களும் போட்டிப் பதிவுகளும் உள்ள இரட்டை என்ஜின் வண்டிக்குச் சேகரிப்பாளர் கொடுக்கும் விலையை, பல கைகள் மாறி, பாகங்கள் மாறிய எங்களுடையதைப் போன்ற வி-ட்வினுக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள். ஓட்டாமல், காட்சிக்கு வைத்து, விழா நாட்களில் உருளைகளின் மேல் நிறுத்தி, பெட்ரோல் பீச்சிக் கிளப்பி, நைட்ரோவுக்கு மாற்றிச் சில வினாடிகள் உறுமவிட்டு அணைப்பதே நோக்கம் என்றால், நான் மேலே அடுக்கிய குறைகளில் பாதி பொருந்தாது. அப்போது இரட்டை என்ஜினை வாங்குவதே புத்திசாலித்தனம்.

அப்படி வாங்கச் செல்பவர் என்ஜின்களைப் பார்ப்பதற்கு முன்பு இணைப்புச் செயினின் உறையைக் கழற்றச் சொல்ல வேண்டும். பின் என்ஜினின் கிராங்க் முனையில் பல்சக்கரத்தைப் பூட்டும் சாவிக்காடி (சாவித்துண்டு அமரும் பள்ளம்) அகன்றிருக்கிறதா, பெட்டியில் தாங்கு உருளை அமரும் இடத்தைச் சுற்றி வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்க்க வேண்டும். உதிரியாக ஒரு ஜோடி பல்சக்கரமும் அவற்றின் வரைபடமும் வண்டியோடு வருகின்றனவா என்று கேளுங்கள். வரைபடம் இல்லை என்றால், அதைச் செய்துகொள்ள ஆகும் செலவை விலையிலிருந்து கழித்த பிறகே பேரம் பேசத் தொடங்குங்கள்.