ஓல்டு: எஸ்கியா, யஷ்லுவா, புயுக்கா?

ஆங்கிலம் கற்கும் துருக்கி மாணவர் அகராதியில் ‘ஓல்டு’ என்று தேடினால் பொதுவாக முதல் வரியிலேயே இரண்டு சொற்கள் வந்து நிற்கும்: எஸ்கி, யஷ்லு. தமிழில் பழைய, வயதான என்று தனித்தனியாக வைத்திருக்கிறோமே, ஏறக்குறைய அதே பிரிவுதான். வீடு பழையது, தாத்தா வயதானவர். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஓல்டுதான்.

இரண்டு சொல்லுக்குப் பதில் ஒன்று போதும் என்றால் கற்பவருக்கு வேலை மிச்சம் என்றுதான் தோன்றும். ஆங்கிலத்திலிருந்து துருக்கிக்குப் போகிறவர் ஒவ்வொரு முறையும் நின்று யோசிக்க வேண்டும். துருக்கியிலிருந்து ஆங்கிலத்துக்கு வருகிறவர் யோசிக்காமல் ஓல்டு போட்டுவிடலாம். ஆனால் அந்த யோசிக்காத இடத்தில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. எஸ்கி, யஷ்லு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது புரியும். அப்புறம் அகராதியின் முதல் வரியில் இடம்பிடிக்காத மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார், அவரையும் பார்க்க வேண்டும்.

முதலில் உச்சரிப்பு. யஷ்லு என்று நான் எழுதியிருப்பதன் கடைசி எழுத்து துருக்கியில் மேலே புள்ளியில்லாத ஆங்கில ஐ (ı). ‘காசு’ என்று இயல்பாகச் சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் ஒரு உகரம் வருகிறதே, நம் குற்றியலுகரம், கிட்டத்தட்ட அதே ஒலி. ஆங்கிலேயர்கள் திணறும் இந்த உயிரெழுத்தைத் தமிழர் முதல் நாளே சொல்லிவிடலாம்.

வகுப்பில் வழக்கமாகச் சொல்லித்தரும் விதி எளிமையானது: பொருளுக்கு எஸ்கி, உயிருள்ளதற்கு யஷ்லு. வீடு, கார், செருப்பு, செய்தித்தாள் எல்லாம் எஸ்கி. பாட்டி, நாய், குதிரை யஷ்லு. மரமும் யஷ்லு பக்கம்தான். யஷ் என்றால் வயது. லு என்பது உடையது என்று பொருள் தரும் விகுதி. ஆக, வயதுடையவர். பிறந்து வளர்கிற எதற்கும் அது பொருந்தும். ஒரு சின்ன வேடிக்கை: யஷ் என்ற ஒலிக்கு ஈரம், கண்ணீர் என்ற வேறு பொருளும் உண்டு. கண்களுக்கு யஷ்லு என்று சேர்த்தால் அவை வயதான கண்கள் ஆகாது, கண்ணீர் நிறைந்த கண்கள்.

இந்த விதி பொருட்களைப் பொறுத்தவரை நன்றாகவே வேலை செய்கிறது. மனிதருக்கு எஸ்கி போடக்கூடாது என்று மாணவர் புரிந்துகொண்டால் அதுதான் தப்பு. மனிதருக்கும் எஸ்கி வரும். வந்தால் வயதைப் பற்றிய பேச்சே இல்லை; பெரும்பாலும் உறவு அல்லது பதவி முடிந்துவிட்டது என்று பொருள். எஸ்கி கொஜாம் என்றால் என் முன்னாள் கணவர். அவருக்கு முப்பது வயதுகூட இருக்கலாம். யஷ்லு கொஜாம் என்றால் வயதான என் கணவர். இன்னும் கூடவே இருக்கிறார். முன்னாள் குடியரசுத் தலைவர் எஸ்கி, முதிய குடியரசுத் தலைவர் யஷ்லு. துருக்கியில் இங்கே குழப்பமே கிடையாது.

இப்போது அந்தப் பெண் தன் எஸ்கி கொஜாமை ஆங்கிலத்தில் சொல்ல வருகிறார். எஸ்கிக்கு ஓல்டு என்று மனப்பாடம். ‘மை ஓல்டு ஹஸ்பண்டு’ என்கிறார். கேட்கிற ஆங்கிலேயர் கிழக் கணவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்கிறார். இலக்கணப்படி வாக்கியத்தில் பிழை இல்லை, ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிடவும் இடமில்லை. அதனாலேயே இந்தத் தவறு ஆண்டுக்கணக்கில் தப்பித்துக்கொண்டே போகும். இங்கே தேவைப்படுவது ‘எக்ஸ்’. பதவி என்றால் ‘ஃபார்மர்’. துருக்கியில் ஒரே எஸ்கி செய்கிற வேலையை ஆங்கிலத்தில் மூன்று பேர் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். அகராதியின் முதல் வரி இதைச் சொல்வதில்லை.

எல்லா இடத்திலும் ஓல்டு தப்பு என்றும் இல்லை. என் பழைய பள்ளிக்கூடம், என் பழைய முதலாளி என்பதற்கு ஓல்டு தாராளமாக வரும், முன்னாள் என்ற பொருளில்தான். ஆசிரியர் என்றால் இரண்டுங்கெட்டான். ‘மை ஓல்டு டீச்சர்’ எனக்கு முன்பு பாடம் எடுத்தவராகவும் இருக்கலாம், இப்போது எடுக்கிற முதியவராகவும் இருக்கலாம். துருக்கிக்காரர் இந்த இடத்தில் ஆங்கிலத்தை ஓட்டைச் சொல் வைத்திருக்கும் மொழி என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. தமிழிலேயே ஒரு சின்ன வேறுபாடு உண்டு. சென்னையில் முன்னாள் மாணவர் சங்கம் என்பதை யாழ்ப்பாணத்தில் பழைய மாணவர் சங்கம் என்பார்கள். யாழ்ப்பாணத்துப் ‘பழைய’ கிட்டத்தட்ட துருக்கி எஸ்கிதான்.

நட்பு விஷயத்திலும் எஸ்கியும் ஓல்டும் கைகோத்துக்கொள்கின்றன. எஸ்கி தோஸ்த் என்றால் நெடுநாள் நண்பர். ‘ஓல்டு ஃப்ரெண்டு’ அப்படியே பொருந்தும். (தோஸ்த் நமக்கும் தெரிந்த தோஸ்துதான், பாரசீகத்திலிருந்து இரு பக்கமும் போனது.) எஸ்கி தோஸ்த் எதிரி ஆகமாட்டான் என்று துருக்கியில் ஒரு பழமொழியே இருக்கிறது. அங்கே எஸ்கியை முன்னாள் என்று எடுத்தால் பழமொழி தலைகீழாகிவிடும்.

பணத்துக்கு வந்தால் இன்னொரு பள்ளம். துருக்கி 2005 ஜனவரி 1 அன்று தன் லிராவிலிருந்து ஆறு பூஜ்யங்களை வெட்டியது. பத்து லட்சம் பழைய லிரா ஒரு புதிய லிராவாக ஆனது. அதற்கப்புறமும் பலர் விலையை எஸ்கி பராய்லா, அதாவது பழைய பணக் கணக்கில், என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதை ‘ஓல்டு மனி’ என்று மொழிபெயர்த்தால் ஆங்கிலத்தில் அது தலைமுறை தலைமுறையாக வந்த சொத்து, பரம்பரைப் பணக்காரர்கள் என்றாகிவிடும். பூஜ்யங்களைப் பற்றிப் பேச வந்தவர் குடும்பப் பெருமை பேசியது போலிருக்கும்.

சரி, யஷ்லு பக்கம் போவோம். இது நடுநிலையான சொல். துருக்கிப் புள்ளியியல் நிறுவனம் முதியோரைப் பற்றி ஆண்டுதோறும் வெளியிடும் தொகுப்பின் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது, யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆங்கிலத்தில் ஒருவரை நேராக ஓல்டு என்றால் கொஞ்சம் முரட்டுத்தனம். ‘எல்டர்லி’ மரியாதையானது என்று துருக்கிப் பாடப்புத்தகம் படித்த மாணவர் நம்புவார். இன்றைய ஆங்கிலத்தில் அதையும் தவிர்த்து ‘ஓல்டர்’ என்கிறார்கள். ஐக்கிய நாடுகள் சபை அக்டோபர் 1 அன்று கொண்டாடும் முதியோர் நாளின் ஆங்கிலப் பெயரிலும் ஓல்டர்தான்.

இந்த ஓல்டர் துருக்கி மாணவரை உண்மையிலேயே குழப்பும். இலக்கணப்படி அது ஒப்பீடு: இன்னும் வயதான. அப்படியென்றால் ஓல்டு என்பதைவிடக் கூடுதல் வயது இருக்க வேண்டும். நடைமுறையில் நேர்மாறு: ‘ஓல்டர் உமன்’ என்று சொல்லப்படுகிறவர் ‘ஓல்டு உமன்’ என்பவரைவிட இளையவராகத் தெரிவார். யாரைவிட ஓல்டர் என்று கேட்டால் பதில் கிடையாது. துருக்கியில் ஒப்பீட்டைக் காட்ட ‘தஹா’ என்ற சொல்லை முன்னால் போடுவார்கள். தஹா யஷ்லு என்று சொன்னால் கேட்கிறவர் மற்றவர் யார் என்று காத்திருப்பார். மரியாதைக்காக அதைப் பயன்படுத்தும் வழக்கம் இல்லை. நாசூக்காகச் சொல்ல வேண்டுமென்றால் எண்ணைச் சொல்லிவிடலாம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் போட்ட வெளியே வரத் தடை ஆணை அப்படித்தான் இருந்தது: 65 வயதும் அதற்கு மேலும்.

யஷ்லுவுக்கு இஹ்தியார் என்று ஒரு பங்காளியும் உண்டு. கிழவர் என்பது போன்ற சொல். பாசத்தோடும் சொல்லலாம், எரிச்சலோடும் சொல்லலாம். கிராமங்களில் முஹ்தாரோடு, அதாவது ஊர்த் தலைவரோடு, சேர்ந்து நிர்வாகம் பார்க்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவின் பெயரிலும் இது இருக்கிறது, ஆனால் உறுப்பினர் கிழவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இன்னொரு பங்காளி கொஜா. மேலே கணவராக வந்தாரே, அவரேதான். பெரிய, முதிய என்ற பொருள்களும் அந்தச் சொல்லுக்கு உண்டு. கொஜாகரு என்றால் கிழவி, கொஜாகரு இலாஜு என்றால் நம் பாட்டி வைத்தியம். வயதானவரைப் பாராட்ட வேண்டுமென்றால் யஷ்லுவை விட்டுவிட்டு எஸ்கியையே கூப்பிடுகிறார்கள்: எஸ்கி தொப்ராக், பழைய மண். எண்பதிலும் திடமாக நடமாடுகிறவருக்குத்தான் அந்தப் பட்டம்.

இப்போது அந்த மூன்றாவது ஆள். புயுக் என்றால் பெரிய. ‘என் அண்ணன் என்னைவிட இரண்டு வயது பெரியவன்’ என்பதைத் துருக்கியில் ‘அபிம் பென்தென் இகி யஷ் புயுக்’ என்பார்கள். அபிம் என் அண்ணன், பென்தென் என்னைவிட, இகி யஷ் இரண்டு வயது, புயுக் பெரியவன். தமிழ் வாக்கியத்தை எடுத்து ஒவ்வொரு சொல்லுக்கும் துருக்கிச் சொல்லை அதே வரிசையில் வைத்தால் வாக்கியம் முடிந்தது. ஆங்கிலத்தில் இதே இடத்தில் ‘ஓல்டர்’ வரும். துருக்கி மாணவர் மனதில் இருப்பது பெரிய என்ற சொல், அதனால் அவர் ‘பிக்கர்’ என்கிறார். அண்ணன் குண்டாகிவிடுகிறான்.

பாடம் நடத்துகிறவர்கள் எஸ்கி, யஷ்லு சண்டையிலேயே நேரத்தைச் செலவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் புயுக்கைத்தான் முதல் வாரத்திலேயே எடுக்க வேண்டும். குடும்பத்தைப் பற்றிப் பேசாமல் எந்த மொழி வகுப்பும் தொடங்குவதில்லை, அண்ணன் அக்கா வந்ததுமே இது தேவைப்படும். எஸ்கி, யஷ்லு தெரிந்து என்ன பயன்? அண்ணனைப் பற்றிச் சொல்லும்போது மாணவர் ஓல்டு என்ற பக்கத்தைத் திறப்பதே இல்லையே. எதிர்த்திசையிலும் இதே கதைதான். துருக்கி கற்கும் ஆங்கிலேயர் ஓல்டருக்கு யஷ்லுவைப் போட்டால் பத்து வயது அண்ணன் கிழவனாகத் தொனிப்பான்.

நமக்குப் பெரியவர் என்றாலே வயதானவர் என்ற பொருளும் இருப்பதால் துருக்கி வழக்கம் வீட்டுப் பேச்சு போலிருக்கும். பெருநாளில் புயுக்குகளின், அதாவது வீட்டுப் பெரியவர்களின், கையை முத்தமிட்டு நெற்றியில் வைத்துக்கொள்வது அங்கே மரபு. ஆனால் எல்லாம் ஒன்று என்று நம்பி இறங்கவும் கூடாது. புயுக்கன்னே என்ற சொல்லைப் பிரித்தால் பெரிய அம்மா. பெரியம்மா என்று நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள், அவர் பாட்டி.

எண்ணோடு சேரும்போது ஓல்டு இன்னொரு வேடம் போடுகிறது. பிறந்து மூன்று நாளான குழந்தை ஆங்கிலத்தில் ‘த்ரீ டேஸ் ஓல்டு’. அதில் எந்த முதுமையும் இல்லை. துருக்கியில் இங்கே எஸ்கியும் வராது, யஷ்லுவும் வராது. ஆண்டுக் கணக்கு என்றால் யஷுந்தா, வயதில் இருக்கிறார். நாள் கணக்கு என்றால் ஊச் கியுன்லுக், மூன்று நாளுடையது. நூறு ஆண்டுக் கட்டடமும் இந்த இரண்டாவது வகைதான். ‘உனக்கு என்ன வயது’ என்பது துருக்கியில் ‘எத்தனை வயதில் இருக்கிறாய்’. இதில் பழமைக்கான சொல்லே கிடையாது. அதனால் ‘ஹவ் ஓல்டு’ என்ற கேள்வியைப் பிரித்துப் புரியவைக்க முயல்வது வீண். மொத்தமாக மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

தொல்பொருள் பக்கம் எஸ்கியின் எல்லை ஓல்டின் எல்லையைத் தாண்டிப் போகிறது. இஸ்தான்புல் தொல்பொருள் அருங்காட்சியகங்களில் ஒன்றின் பெயர் எஸ்கி ஷர்க் எசெர்லெரி முஸெசி, அதாவது பழைய கீழைத்தேயப் படைப்புகளின் அருங்காட்சியகம். எகிப்தியருக்கும் ஹிட்டைட்டுகளுக்கும் இடையிலான காதேஷ் ஒப்பந்தத்தின் களிமண் பலகை அங்கேதான் இருக்கிறது. ஆங்கிலப் பெயர்ப்பலகையில் எஸ்கி ‘ஏன்ஷியன்ட்’ ஆகிவிடுகிறது. மூவாயிரம் ஆண்டுப் பழமைக்கு ஓல்டு போதாது.

சாப்பாட்டில் கதை வேறு. ரொட்டி பழசானால் எஸ்கி என்று சொல்வதில்லை, பயாத். அதே சொல் ஆறிப்போன செய்திக்கும் சிரிப்பு வராத ஜோக்குக்கும் ஆகும். ஆங்கிலத்தில் ‘ஸ்டேல்’ என்று நேர்ச்சொல்லே இருப்பதால் இங்கே சிக்கல் இல்லை. பாலாடைக்கட்டிதான் சிக்கல். மாதக்கணக்கில் வைத்துப் பக்குவப்படுத்திய கஷார் கட்டிக்கு எஸ்கி கஷார் என்று பெயர், கார்ஸ் நகரம் அதற்குப் பேர்போனது, புதுக் கட்டியைவிட விலை அதிகம். இதை உணவகத்தின் ஆங்கிலப் பட்டியலில் ஓல்டு என்று எழுதினால் படிக்கிற சிலர் கெட்டுப்போனதோ என்று தயங்குவார்கள். எழுத வேண்டியது ‘ஏஜ்டு’. வயதைச் சொல்லும் ‘ஏஜ்’ அதில் அப்படியே இருக்கிறது, பிரித்தால் யஷ்லு போலவே வயதுடையது. ஆக, துருக்கியில் எஸ்கியாக இருக்கும் கட்டி ஆங்கிலத்துக்கு வரும்போது யஷ்லுவாகிறது. உச்சரிப்பிலும் கவனம் வேண்டும்: கட்டிக்கு ஒரே அசையாக ‘ஏஜ்ட்’, முதியவருக்கு இரண்டு அசையாக ‘ஏஜிட்’.