கீழக்கரை மாடியில் பாய், துபாயில் கட்டில்: அவுல்பேர் ரோடியோ

சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு எங்கள் வீட்டு மாடியில் ஆட்டம் தொடங்கும். துபாயில் அப்போது எட்டரை. காக்கா (என் அண்ணன்) வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, அறையில் தன் கட்டிலில் சாய்ந்தபடி போனைத் திறப்பார். சென்னை நண்பன் மடிக்கணினியோடு வருவான். மண்டபம் ஊரில் விசைப்படகுக்குப் போகிற நண்பன், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் ஒரு வாரம்கூடத் தவற மாட்டான். மற்ற மாதங்களில் கடல் விட்டால் வருவான். ராத்தா (அக்கா) மகன் என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருப்பான். இந்த ஐந்து பேரையும் ஒரே வரைபடத்தைச் சுற்றி உட்கார வைப்பது அவுல்பேர் ரோடியோ என்ற இணையதளம். இரண்டு வருடம் பயன்படுத்திவிட்டு இதை எழுதுகிறேன்.

ஆட்டம் எது என்று தெரியாதவர்களுக்காக: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி வெளியிட்டது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "நான் கதவைத் தள்ளிப் பார்க்கிறேன்" என்பார் ஒருவர். கதவு திறக்குமா என்பதை 20 முகப் பகடை சொல்லும். பலகை, பொம்மை எல்லாம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஆடலாம். பேச்சு இருந்தால் போதும்.

சென்னையில் விடுதியில் தங்கிப் படித்தபோது கற்றுக்கொண்டு ஊருக்குக் கொண்டுவந்தேன். மாடியில் பாய் விரித்து, சோழிகளைப் பாத்திரங்களாக வைத்து ஆடினோம். பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். கீழக்கரையில் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பார், எங்கள் பாயிலும் அதுதான் நடந்தது. மூன்று வருடம் பகடைகள் டப்பாவிலேயே கிடந்தன.

மறுபடி ஆரம்பித்தபோது என் பயம் தொழில்நுட்பத்தைப் பற்றித்தான். காக்காவிடம் இருப்பது ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போன். மண்டபத்து நண்பன் புதிதாக ஒரு செயலியை இறக்கச் சொன்னாலே "போனில் இடம் இல்லை மாப்ள" என்பான். இந்தத் தளத்தில் அறையைத் திறக்கிற ஆளுக்கு மட்டும் கணக்கு இருந்தால் போதும். நான் வரைபடத்தைப் படமாக ஏற்றி, இணைப்பை அனுப்புவேன். மற்றவர்கள் அதைத் தொட்டதும் போனின் உலாவியிலேயே வரைபடம் வந்து நிற்கும். விரலால் தங்கள் பாத்திரத்தைக் குறிக்கும் வில்லையை நகர்த்தலாம், கட்டங்களை அளக்கலாம், கோடு போடலாம். முதல் நாள் காக்காவுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது மூடுபனி. வரைபடத்தின் மேல் இருட்டுப் போர்த்திவிட்டு, ஆட்கள் நடக்க நடக்க நான் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குவேன். எங்கள் கதை மன்னார் வளைகுடாத் தீவுகளில் நடக்கிறது. மொத்தம் 21 தீவுகள். அப்பா தீவு, தலையாரி தீவு, வாழைத் தீவு எல்லாம் எங்கள் ஊர்க் கடலில் இருப்பவை. கடல் தேசியப் பூங்கா என்பதால் நினைத்தபடி போய் இறங்க முடியாது. சின்ன வயதிலிருந்து கரையில் நின்று அந்தத் தீவுகள் தூரத்தில் ஒரு கோடாகத் தெரிவதைப் பார்த்தவர்கள் நாங்கள். அதை நோட்டில் பால்பாயிண்ட் பேனாவால் வரைந்து, போட்டோ எடுத்து ஏற்றினேன். அப்பா தீவின் மேலிருந்து பனியை விலக்கிய அன்று சென்னை நண்பன், "அந்தத் தென்கரையில் என்னடா கிடக்கிறது?" என்று கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. அங்கே உடைந்த தோணி ஒன்றை வரைந்து வைத்திருந்தேன்.

காக்காவின் பாத்திரம் சங்கு குளிக்கிறவர். வாப்பாவின் வாப்பா உண்மையாகவே அந்தத் தொழில் செய்தவர். கல்லோடு இறங்குவது, அடியில் மணலைத் தடவிப் பார்ப்பது, மேலே கயிறு பிடித்தவன் இழுப்பை வைத்து ஆளின் நிலையை அறிவது எல்லாம் காக்கா கேட்டு வளர்ந்த கதைகள். ஒருநாள் அந்தத் தோணிக்கு அடியில் இறங்குகிறேன் என்றார். துபாய் அறையில் கூட இருப்பவர்கள் தூங்கிவிட்டதால் போர்வைக்குள் இருந்து கிசுகிசுத்துக்கொண்டே சொன்னார். போனில் வந்த அந்தக் கிசுகிசுப்பில் நாங்கள் நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். திரையில் இருந்ததோ ஒரு நீல வட்டமும் என் பேனாக் கிறுக்கலும்தான்.

அன்று அவர் பகடை உருட்ட வேண்டியிருந்தது. தளத்திலேயே பகடை இருக்கிறது, உருண்டு விழுவது அழகாகவும் இருக்கும். ஆனால் அவரவர் கையில் இருக்கிற பகடையை உருட்டி எண்ணைச் சொல்வதுதான் எங்கள் வழக்கம். "மாமா, அவர் பொய் சொன்னால் நமக்கு எப்படித் தெரியும்?" என்று மருமகன் முன்பே ஒருமுறை கேட்டிருந்தான். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம் காக்கா "ஒன்று" என்றார். 20 முகத்தில் ஒன்று, இருப்பதிலேயே மோசமான எண். அவருடைய சங்கு குளிக்கிறவர் மேலே வரவில்லை. மருமகன் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

இந்தத் தளம் விதிகளைக் கணக்குப் போடாது. பாத்திரத்தின் திறன்களை எழுதி வைக்கிற பாத்திரத் தாளும் அதில் சேர்ந்து வராது. விமர்சனம் எழுதுகிற பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு இது பெரிய சௌகரியம், ஏனென்றால் எங்கள் தாள் தமிழில் இருக்கிறது. இதற்கு ஒரு பின்கதை உண்டு. இந்த ஆட்டத்தின் விதிகளை மற்றவர்களும் எடுத்தாள 2000ஆம் ஆண்டிலிருந்து இருந்த திறந்த உரிமத்தை, ஆட்டத்தை வெளியிடும் நிறுவனம் மாற்றப் போவதாகச் செய்தி கசிந்து, ஆடுகிறவர்கள் உலகம் முழுக்க எதிர்த்தார்கள். கடைசியில் 2023 ஜனவரியில் அடிப்படை விதித் தொகுப்பை நிறுவனமே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் மொழிபெயர்க்கலாம், அச்சடிக்கலாம், விற்கவும் செய்யலாம். அதை நம்பித்தான் உட்கார்ந்தோம். பாத்திரத்தின் ஆறு அடிப்படைத் திறன்களில் வலிமை, சுறுசுறுப்பு, உடலுறுதி, அறிவு, விவேகம் என்று ஐந்து எளிதாக வந்துவிட்டன. ஆறாவதான கரிஸ்மாவுக்கு இரண்டு வாரம் சண்டை. சென்னை நண்பன் வசீகரம் என்றான், காக்கா பேச்சுத்திறன் என்றார். வசீகரம் வென்றது. ஆபத்திலிருந்து தப்ப உருட்டுகிற சேவிங் த்ரோவுக்கு மண்டபத்து நண்பன் கொடுத்த சொல் 'தப்பிப் பகடை'. அதைவிட நல்ல சொல் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

இதே வேலையைச் செய்கிற மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். 2012இல் வந்த ரோல்20 இந்த வகையில் பழையது. பாத்திரத் தாள், கணக்கு, விற்பனைக் கதைகள் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. எல்லோரிடமும் கணினி இருக்கிற குழுவுக்கு அது நல்ல தேர்வு. ஃபவுண்டரி 2020இல் வந்தது. நடத்துகிறவர் ஒருமுறை வாங்கினால் போதும், மாதச் சந்தா இல்லை. ஆனால் பெரும்பாலும் நம் கணினிதான் சர்வராக இருக்க வேண்டும். ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் கரண்ட் போனால் நாலு ஊரிலும் ஆட்டம் நிற்கும் என்பதால் விட்டுவிட்டேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நிறுவனமே சிஜில் என்று திரையில் ஆடுகிற முப்பரிமாண மேசை ஒன்றை 2025 தொடக்கத்தில் வெளியிட்டது. சில வாரங்களிலேயே அதைச் செய்த குழுவில் பெரும்பாலானோரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் நோட்டுகளை எடுத்து ஒரு தகரப்பெட்டியில் வைத்தேன். தளம் நாளைக்கே மூடினாலும் கதை எங்களிடம் இருக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு கதை நடத்தும் என்று சொல்கிறார்களே, அதையும் மருமகன் ஒரு மழைநாளில் முயன்று பார்த்தான். கேட்டதற்கெல்லாம் சரி என்றது. திமிங்கலத்தின் மேல் ஏறுகிறேன் என்றான், ஏறிவிட்டாய் என்றது. அரை மணியில் போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து, "நீங்க நடத்துங்க மாமா, நீங்கதான் முடியாதுன்னு சொல்லுவீங்க" என்றான்.

குரலுக்கு இந்தத் தளத்தை நம்ப முடியாது, அதற்குத் தனியாக வழி பார்க்க வேண்டும். அமீரகத்தில் வாட்ஸ்ஆப் அழைப்பு வேலை செய்யாது. அங்கே அனுமதி உள்ள ஒரு காணொலிச் செயலியில் பேசுகிறோம். இலவசக் கணக்கு என்பதால் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது 38ஆவது நிமிடத்தில் யாராவது கதவைத் தட்டுவது மாதிரி, தூரத்தில் விளக்குத் தெரிவது மாதிரி கதையை அமைத்துக்கொள்கிறேன். திரும்ப எல்லோரும் சேர்வதற்குள் உம்மா கொடுத்தனுப்பிய டீ ஆறிவிடும்.

செலவு என்று பார்த்தால், எங்களைப் போன்ற சின்னக் குழுவுக்கு இலவசக் கணக்கே போதுமாக இருக்கிறது. நிறைய வரைபடம் சேர்க்கிறவர்கள் சந்தா கட்ட வேண்டியிருக்கும். தமிழ் இடைமுகம் இல்லை என்பது எனக்குக் குறைதான், அதற்காக அரை மதிப்பெண்ணைக் கழிக்கிறேன். ஐந்துக்கு நாலரை.

அவுல்பேர் என்றால் ஆந்தைத் தலையும் கரடி உடலும் கொண்ட விலங்கு. கைகாக்ஸ் மலிவான பிளாஸ்டிக் பொம்மைப் பை ஒன்றை வாங்கி, அதில் இருந்த பெயர் தெரியாத மிருகங்களுக்குப் பெயரும் குணமும் கொடுத்தபோது பிறந்தது. இதை மருமகனிடம் சொன்னேன். ராமேஸ்வரம் போயிருந்தபோது சிப்பிக் கடையில் ஆமை உடம்பில் சங்குத் தலை ஒட்டிய பொம்மை ஒன்றைத் தேடி வாங்கி வந்துவிட்டான். வரைபடத்தில் அதன் போட்டோதான் இப்போது வாழைத் தீவைக் காக்கிறது.

பெருநாளுக்குக் காக்கா ஊருக்கு வருகிறார். சங்கு குளித்தவரின் மகன் என்று புதுப் பாத்திரம் எழுதி வைத்திருக்கிறாராம். பாயில் அவருக்கு இடம் இருக்கிறது. சென்னைக்காரனுக்கு லீவு கிடைக்கவில்லை, அவனுக்காக இணைப்பைத் திறந்து போனைத் தொதல் இனிப்பு டப்பாவில் சாய்த்து வைக்க வேண்டும்.