ஜனவரியில் வந்த படமும் பெப்ரவரியில் திறந்த பெட்டியும்

குளிர்காலத்துக்குத் தேனீப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று காசு வாங்குகிறவர்கள் இப்போது ரொறொன்ரோவைச் சுற்றி அங்கங்கே இருக்கிறார்கள். எல்லாரும் மோசம் என்று சொல்ல வரவில்லை. எனக்கு வாய்த்தவர் மோசம். போன கிழமை ஒரு நண்பர் அதே ஆளை எனக்கே சிபாரிசு செய்தார். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு ரொறொன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில். ஒன்ராறியோவின் தேனீச் சட்டப்படி, பக்கத்துக் குடியிருப்புக் காணி எல்லையிலிருந்து 30 மீற்றருக்குள் பெட்டி வைக்கக் கூடாது. எங்கள் பின்வளவு முழுதாக அளந்தாலே 12 மீற்றர் வராது. ஆகவே என் இரண்டு பெட்டிகளும் அக்ஸ்பிரிட்ஜ் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் பண்ணையில் இருக்கின்றன. கோடையில் அது ஒரு தூரமே இல்லை. நவம்பருக்குப் பிறகு, இரவு வேலையும் வழுக்குகிற வீதியும் சேர்ந்தால், கிழமைக்கு ஒரு தரம் என்பது மாதத்துக்கு ஒரு தரம்கூட ஆகாது.

செப்டெம்பர் கடைசியில் ஒரு கல்யாண வீட்டில் இவரைச் சந்தித்தேன். இருபது வருட அனுபவம் என்றார். அண்ணை, தம்பி என்று கதைத்து, சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் பேரம் முடிந்துவிட்டது. இரண்டு பெட்டிக்கும் 380 டொலர், முன்பணமாக. ஒக்டோபரில் இரண்டு பங்கு சீனிக்கு ஒரு பங்கு தண்ணீர் என்று கெட்டிப் பாகு காய்ச்சி ஊட்டுவது, இலை உதிர்ந்து முட்டையிடல் நின்றதும் தேனீக்களைத் தாக்கும் வரோவா உண்ணிக்கு ஒக்சாலிக் அமிலம் போடுவது, எலி நுழையாமல் வாசலுக்குத் தகடு, பெட்டிக்குப் போர்வை, அப்புறம் மாதம் ஒரு தரம் போய்ப் பார்த்துப் படம் அனுப்புவது. எழுத்தில் எதுவும் இல்லை. அன்றிரவே காசை அனுப்பிவிட்டேன்.

நான் செய்த ஒரே உருப்படியான காரியம், ஒப்படைக்கும் முன் பெட்டிகளை எடை பார்த்தது. கொழும்புக்குப் போகும்போது சூட்கேஸ் நிறுக்க வாங்கிய கைத்தராசுதான். பெட்டியின் பின்பக்க அடிப்பலகையில் கொழுவி, ஒரு விரற்கடை தூக்கினால் ஒரு பக்கத்து எடை தெரியும். அதை இரண்டால் பெருக்கினால் கிட்டத்தட்ட முழு எடை. இரண்டும் 19 கிலோ காட்டின. அதாவது ஒவ்வொரு பெட்டியும், மரம், அடை, தேனீ எல்லாம் சேர்த்து, மொத்தம் 38 கிலோ. இரண்டு அடுக்குப் பெட்டிக்கு இது காணாது. இங்கத்தைக் குளிரைத் தாண்டத் தேன் மட்டுமே 30 கிலோவாவது உள்ளே இருக்க வேண்டும். ஓகஸ்டில் ஆசைப்பட்டு நான் கொஞ்சம் கூடுதலாக எடுத்துவிட்டேன், அது என் பிழை. பாகு ஊட்டினால் சரிவரும் என்று அவரும் சொன்னார்.

நவம்பரில் படம் வந்தது: கறுப்புப் போர்வை, மூடிமேல் செங்கல். டிசம்பரில் அதேபோல் ஒன்று. ஜனவரியில் வந்ததுதான் பிரமாதம். அடை நிறையத் தேனீக்களோடு ஒரு மரச்சட்டத்தை வெறுங்கையால் தூக்கிப் பிடித்திருந்தார். "குடி நல்ல பலம் தம்பி, யோசிக்காதை." குடி என்றால் ஒரு பெட்டிக்குள் சேர்ந்து வாழும் தேனீக் கூட்டம். மனுசிக்கும் காட்டினேன். ஊரில் இருக்கிற மாமாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

அந்தப் படத்தைப் பார்த்த நிமிடமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வெளியே 14 பாகைக்குக் கீழே போனாலே தேனீக்கள் ஒன்றையொன்று நெருக்கித் திரளத் தொடங்கிவிடும். சிறகை அசைக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் அதிரவைத்துச் சூடு உண்டாக்கி, வெளிவட்டத்தில் இருப்பவையும் உள்ளே இருப்பவையும் இடம் மாறி மாறி, அந்தப் பந்தைக் காப்பாற்றும். விளிம்பெல்லாம் பிசின் பூசி அடைத்திருக்கும். ஜனவரியில் அதைப் பிளந்து நடுச்சட்டத்தை இழுப்பதென்றால், காய்ச்சல்காரனின் போர்வையை உருவி முற்றத்தில் உதறுவதுபோல. ஒழுங்காகப் பார்க்கிறவன் பெட்டியைத் திறக்கவே மாட்டான். பின்னால் தூக்கி எடை பார்ப்பான், காதை வைத்துத் தட்டிக் கேட்பான், வாசலில் அடைத்த செத்த தேனீயைக் குச்சியால் வழித்துவிடுவான். இரண்டு நிமிட வேலை. படம் பிடிக்க அதில் ஒன்றுமே இல்லை. நானோ படம் கேட்டேன், அவர் படம் தந்தார்.

பெப்ரவரியில் குடும்ப தின விடுமுறை. மைனஸ் 9, நல்ல வெயில். மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். பெட்டிகள் இருக்கும் இடம்வரை முழங்கால் பனி. ஒரு காலடித் தடம் கிடையாது. சரி, புதுப் பனி மூடியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வலது பெட்டியின் முன்னால் பனியில் மஞ்சளும் கபிலமுமாகத் துளிகள், நாலைந்து செத்த தேனீக்கள். பார்த்ததும் மகன், "ஐயோ அப்பா, செத்துப்போச்சு" என்றான். உண்மையில் அதுதான் உயிருள்ள பெட்டி. வெயில் வந்த நாளில் வெளியே பறந்து மலம் கழித்திருக்கின்றன, பிணங்களை இழுத்துப் போட்டிருக்கின்றன. தட்டினேன், உஸ்ஸென்று எழும்பி அடங்கியது. இடது பெட்டியின் முன்னால் பனி பால்போல் வெள்ளை. தட்டினேன். திரும்பவும் தட்டினேன்.

தராசில் இடது 13 கிலோ, வலது 14.

இடது பெட்டியைத் திறந்தேன். மூடிக்குக் கீழே நான் வைத்துக் கொடுத்த பாகுத் தட்டு அப்படியே காய்ந்து கிடந்தது, மூலையில் சிலந்தி வலை. ஒரு துளி பாகு ஊற்றிய அடையாளம் இல்லை. அடைகளின் நடுவே தேனீக்கள் தலையை அறைகளுக்குள் விட்டு, வால் மட்டும் வெளியே தெரிய, வரிசை வரிசையாகச் செத்திருந்தன. பட்டினிச் சாவு அப்படித்தான் இருக்கும். அறையின் அடிவரை நக்கித் தேடியிருக்கின்றன. எலித் தகடு இல்லை. கீழே அடையைக் கரம்பி எலி கூடு கட்டியிருந்தது. மகன் ஒன்றும் கேட்கவில்லை, காருக்குப் போய்விட்டான்.

வலது பெட்டிக்கு அந்த நேரத்தில் செய்யக்கூடியது ஒன்றுதான். பண்ணைக்காரரிடம் நாலு கிலோ சீனி வாங்கி, மேல்சட்டங்களின்மேல் பத்திரிகைத்தாள் விரித்து, சீனியைக் கொட்டி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து உடனே மூடினேன். இராணி முட்டையிடத் தொடங்குகிற காலம் இது, சாப்பாடு இரட்டிப்பாகச் செலவாகும். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் போய்ச் சீனி வைத்தேன். தேய்ந்து மெலிந்து, ஏப்ரலில் வில்லோ மரத்து மகரந்தத்தைக் காலில் கட்டிக்கொண்டு வந்தன.

அவரை அன்றே அழைத்தேன். "தம்பி, இந்த நாட்டுக் குளிருக்குத் தேனீ சாகிறது வழமை. ஒரு வருசம் அரைவாசிக்கு மேலை செத்தது தெரியாதே?" என்றார். தெரியும். 2013-14 குளிர்காலத்தில் ஒன்ராறியோவில் 58 வீதமான குடிகள் அழிந்தன. இந்தத் தொழிலில் ஏமாற்றுகிறவனுக்கு இதைவிட நல்ல மறைவு கிடையாது: செய்தாலும் சாகலாம், செய்யாவிட்டாலும் சாகலாம், யார் கண்டது? ஆனால் ஊற்றாத பாகுக்குக் குளிர் என்ன செய்யும்? கேட்டேன். "மே மாதம் வாங்கோ, புதுக் குடி ஒன்று பாதி விலைக்குத் தாறன்" என்றார். குடி விற்பதற்கு மாகாண அனுமதி வேண்டுமே, அதைக் காட்டுங்கள் என்றேன். தேனீ வளர்ப்பாளர் பதிவு எண்ணையாவது தாருங்கள் என்றேன். அதற்குப் பிறகு அழைப்பை எடுக்கவில்லை. 380 டொலர் போனது போனதுதான்.

அடுத்த குளிர்காலத்துக்கு ஒருவரை வைப்பதென்றால் பதிவு எண்ணை முதலில் வாங்குங்கள். படம் வேண்டாம், ஒவ்வொரு முறையும் தராசு காட்டுகிற எடையைக் கேளுங்கள். காசைப் பாதி பாதியாகக் கொடுங்கள்.

அந்த ஜனவரிப் படத்தை மார்ச்சில் ஒருநாள் பெரிதாக்கிப் பார்த்தேன். அடையின் வலது ஓரத்தில் இரண்டு ஆண் தேனீக்கள்: தலை முழுக்கக் கண், தடித்த உடம்பு, மழுங்கிய வால். இலையுதிர் காலத்திலேயே வேலைக்காரத் தேனீக்கள் அவற்றைக் கூட்டைவிட்டுத் துரத்திவிடும். அது ஜூனிலோ ஜூலையிலோ எடுத்த படம். இந்தக் குளிரில் உங்களுக்கும் அப்படி ஒரு படம் வந்தால், வலது ஓரத்தைப் பாருங்கள்.